கிராம் பார்சன்ஸும் இரண்டாவது குரலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கிராமப்புற மரபில் பிறந்த கண்ட்ரி இசை பற்றிய உங்கள் கட்டுரையில் பாடகர் கிராம் பார்சன்ஸின் பெயரைப் பெரும் மதிப்புடன் குறிப்பிட்டிருந்தீர்கள். அதைப் படித்தபின் அவருடைய பாடல்களைத் தேடிக் கேட்டேன், அவரைப் பற்றியும் நிறையப் படித்தேன். பாடல்கள் இனிமையாகவே இருக்கின்றன. ஆனால் அவர் உயிருடன் இருந்தபோது அவருடைய ஆல்பங்கள் எதுவும் விற்கவில்லை. ராக் இசையுடன் கண்ட்ரியைச் சேர்த்த முதல் ஆளும் அவரல்ல. ரே சார்ல்ஸும் பாப் டிலனும் அவருக்கு முன்பே அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை, போதையில் 26 வயதில் இறந்தார், நண்பர் சவப்பெட்டியைத் திருடிப் பாலைவனத்தில் எரித்தார். இந்தக் கதை மட்டும் இல்லையென்றால் இன்று யாராவது அவரை நினைப்பார்களா? அவருடைய 'தாக்கம்' என்பது இசைப் பத்திரிகையாளர்கள் கட்டிய புராணம்தானே? அவரை எங்கிருந்து கேட்க வேண்டும் என்றும் சொன்னால் மகிழ்வேன்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொல்லும் தகவல்கள் சரியானவை. அவற்றிலிருந்து நீங்கள் வந்துசேரும் முடிவைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மரணக் கதையை முதலில் முடித்துவிடலாம். 1973 செப்டம்பர் 19 அன்று, கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பகுதியில் ஒரு சிறு விடுதியின் எட்டாம் எண் அறையில், மார்ஃபீனும் மதுவும் சேர்ந்து அவரைக் கொன்றன. அவருடைய மேலாளர் ஃபில் காஃப்மனும் இன்னொருவரும் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்திலிருந்து உடலை எடுத்துச்சென்று, கேப் ராக் என்ற பாறையருகே பெட்ரோல் ஊற்றி எரித்தார்கள். நீதிமன்றத்தில் அபராதமும் சவப்பெட்டியின் விலையும் கட்டினார்கள். பின்னாளில் இது திரைப்படமாகவும் வந்தது. இதை ரசித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவருடைய ஒரு பாடலைக்கூட முழுதாகக் கேட்டிராதவர்கள். புராணம் என்று நீங்கள் சொல்வது இந்தப் பகுதிக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் அவரிடமிருந்து எதையோ பெற்றுக்கொண்ட பாடகர்களுக்கு இந்தக் கதை தேவைப்படவே இல்லை, அவர்களில் முக்கியமானவர்கள் அவர் உயிரோடு இருக்கும்போதே பெற்றுக்கொண்டுவிட்டார்கள்.

முதல்வர் அல்ல என்பதும் உண்மை. ரே சார்ல்ஸ் 1962லேயே கண்ட்ரி பாடல்களை ஆல்பமாக்கி அமெரிக்கா முழுவதையும் கேட்கவைத்தார். டிலன் 1966இல் கண்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் நகரத்து வாத்தியக்காரர்களுடன் ஒலிப்பதிவு செய்தார். பார்சன்ஸ் பின்னால் சேர்ந்த பேர்ட்ஸ் என்ற ராக் குழுவில் அவருக்கு முன்பே இருந்த கிறிஸ் ஹில்மன், ராக் இசைக்கு வருவதற்குமுன் கண்ட்ரியின் ஒரு கிளையான புளூகிராஸ் இசைக்குழுக்களில் மாண்டலின் வாசித்தவர். பார்சன்ஸுக்குத் தரப்படும் புகழில் ஒரு நல்ல பங்கு ஹில்மனுக்குச் சேர வேண்டியது என்றே நான் நினைக்கிறேன். போதாததற்கு, 'கண்ட்ரி ராக்' என்ற பெயரே பார்சன்ஸுக்குப் பிடிக்காது. தன்னுடையதை 'காஸ்மிக் அமெரிக்க இசை' என்றுதான் சொல்லிக்கொண்டார். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

அப்படியென்றால் அவர் செய்தது என்ன? அதை வாதத்தால் நிறுவுவதைவிட ஒரு பாடலைக் கேட்டுப் புரிந்துகொள்வது எளிது. 1968இன் தொடக்கத்தில் பேர்ட்ஸ் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. குழுவின் தலைவர் ரோஜர் மெக்குவினின் மனத்தில் அப்போது இருந்தது அமெரிக்க இசையின் வரலாற்றையே சொல்லும் பெரிய தொகுப்பு ஒன்று. புதிதாக வந்த இருபத்தொரு வயது இளைஞர் சில வாரங்களிலேயே அதை முழுக்கக் கண்ட்ரி ஆல்பமாக மாற்றிவிட்டார். 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ' என்ற அந்த ஆல்பத்தில், பழைய கண்ட்ரி பாடகர்களான லூவின் சகோதரர்களின் 'த கிறிஸ்டியன் லைஃப்' என்ற பக்திப் பாடல் இருக்கிறது. பார்சன்ஸ் பாடியிருந்த சில பாடல்கள், வேறொரு நிறுவனத்துடன் அவருக்கு இருந்த ஒப்பந்தச் சிக்கலால், மெக்குவினின் குரலில் மறுபடி பதிவாயின. அவற்றில் இதுவும் ஒன்று. பார்சன்ஸின் குரலில் உள்ள பதிவு 1990இல்தான் வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெக்குவின் தென் மாநிலத்து உச்சரிப்பை வலிந்து இழுத்து, வேடம் கட்டிய நடிகரைப்போலப் பாடுகிறார். ராக் ரசிகர்களைப் பார்த்து 'இது நான் இல்லை, சும்மா' என்று கண்ணடிப்பது குரலிலேயே கேட்கிறது. பார்சன்ஸ் அந்த வரிகளை அப்படியே நம்பிப் பாடுகிறார். அவருடைய வாழ்க்கைக்கும் அந்தப் பாடல் சொல்லும் வாழ்க்கைக்கும் துளியும் தொடர்பு கிடையாது. இருந்தும் குரலில் நக்கல் இல்லை, அலட்சியம் இல்லை.

இது ஏன் பெரிய விஷயம் என்பதை அந்த ஆண்டை வைத்துத்தான் பார்க்க வேண்டும். 1968இல் வியட்நாம் போர் அமெரிக்காவை இரண்டாகப் பிளந்திருந்தது. நிறவெறி அரசியலுக்குப் பேர்போன ஜார்ஜ் வாலஸின் தேர்தல் கூட்டங்களில் கண்ட்ரி பாடகர்கள் மேடையேறினார்கள். நீளமுடி வளர்த்த இளைஞர்களுக்குக் கண்ட்ரி என்பது எதிராளியின் இசை. கண்ட்ரி ரசிகர்களுக்கோ நீளமுடிக்காரன் தேசத்துரோகி. இந்தச் சூழலில், அந்த ஆண்டு மார்ச்சில், பேர்ட்ஸ் குழு நாஷ்வில்லின் ரைமன் அரங்கில், கண்ட்ரி இசையின் தலைமைப்பீடம் போன்ற கிராண்ட் ஓல் ஆப்ரி நிகழ்ச்சியில் பாடப் போனது. கூட்டத்திலிருந்து கேலிக்குரல் எழுந்தது. மெர்ல் ஹாகார்டின் பாடல் ஒன்றைப் பாடுவார்கள் என்று அறிவிப்பாளர் சொல்ல, பார்சன்ஸ் அதை மாற்றித் தன் பாட்டிக்குச் சமர்ப்பணம் என்று கூறி, தான் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய 'ஹிக்கரி விண்ட்' பாடலைப் பாடினார். நிகழ்ச்சிக்காரர்கள் கொதித்துப்போனார்கள். ராக் ரசிகர்களும் கைகொடுக்கவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் முதலிடத்தைப் பிடித்த குழுவின் ஆல்பம், அமெரிக்காவின் பில்போர்ட் விற்பனைப் பட்டியலில் 77ஆம் இடத்தோடு நின்றுவிட்டது.

அதே ஆண்டு கோடையில் பேர்ட்ஸை விட்டு விலகிய பார்சன்ஸ், சில மாதங்களில் ஹில்மனையும் சேர்த்துக்கொண்டு ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ் குழுவைத் தொடங்கினார். 1969இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் 'த கில்டட் பேலஸ் ஆஃப் சின்' 164ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அதில் இரண்டு பாடல்கள் கறுப்பினத்தவரின் சோல் இசையிலிருந்து எடுக்கப்பட்டவை: அரீதா ஃப்ராங்க்ளின் பாடிய ஒன்று, ஜேம்ஸ் கார் பாடிய ஒன்று. அவற்றை, கிடத்திவைத்துச் சுரங்களை இழைத்து வாசிக்கும் கண்ட்ரி வாத்தியமான பெடல் ஸ்டீல் கிட்டாருடன் பாடிக் காட்டினார்கள். 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் தென் மாநிலத்து ஏழைகளின் இசையைக் கறுப்பர்களுக்கு ஒரு வரிசை, வெள்ளையர்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்து விற்கத் தொடங்கின. அந்தப் பாகப்பிரிவினை எவ்வளவு செயற்கையானது என்பது இந்த இரண்டு பாடல்களில் தெரிந்துவிடுகிறது. அந்தப் பெடல் ஸ்டீலை வாசித்த 'ஸ்னீக்கி' பீட் க்ளைனோ பொம்மைகளை அசைத்துப் படமெடுக்கும் தொழிலிலிருந்து வந்தவர். அழுவதற்கென்றே பிறந்தது போன்ற அந்த வாத்தியத்தை ராக் கிட்டார்க்காரர்கள் ஒலியைக் கரகரக்கவைக்கப் பயன்படுத்தும் ஃபஸ் கருவி வழியாகச் செலுத்தி உறுமவைத்தார்.

ஆல்பத்தின் அட்டைப்படத்தில் பார்சன்ஸ் அணிந்திருக்கும் வெள்ளை உடையையும் கவனியுங்கள். கண்ட்ரி நட்சத்திரங்களுக்கு மினுக்கும் பூவேலை உடைகள் தைத்துக்கொடுத்த நூடி கோன் கடையில், மானுவேல் குவேவாஸ் என்ற தையற்கலைஞர் செய்தது அது. மரபான உடையில் குதிரைலாடமும் ரோஜாவும் இருக்கும் இடங்களில் கசகசாப் பூக்கள், மாத்திரைகள், கஞ்சா இலைகள், நிர்வாணப் பெண்கள். முதுகில் பெரிய சிலுவை. இன்று அந்த உடை நாஷ்வில்லின் கண்ட்ரி இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே நிறுவனத்தின் புகழ்மண்டபத்தில் உடைக்குரியவருக்கு இன்னும் இடமில்லை.

இனி விற்பனைக்கு வருகிறேன். தாக்கம் என்பது பல லட்சம் பேரின் வீடுகளுக்குப் போய்ச்சேர்வதால்தான் உண்டாகிறது என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். பார்சன்ஸின் விஷயத்தில் அது ஆளிடமிருந்து ஆளுக்குப் போனது. புரிட்டோ பிரதர்ஸில் கிட்டார் வாசித்த பெர்னி லெடன் அங்கிருந்து போய் ஈகிள்ஸ் குழுவைத் தொடங்கிய நால்வரில் ஒருவரானார். பார்சன்ஸ் இறந்தபின் அவருக்காக ஒரு பாடலும் எழுதினார். ஈகிள்ஸ் எவ்வளவு விற்றது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ், பார்சன்ஸுடன் பியானோ முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்து கண்ட்ரி பாடல்களைக் கற்றதைத் தானே எழுதியிருக்கிறார். ஸ்டோன்ஸின் 'வைல்ட் ஹார்ஸஸ்' அவர்களுடைய ஆல்பத்தில் வருவதற்கு ஓராண்டு முன்பே புரிட்டோ பிரதர்ஸின் பதிவாக வெளிவந்தது. அதை வைத்துப் பாடலையே பார்சன்ஸ்தான் எழுதினார் என்று சொல்லும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. புராணம் பற்றிய உங்கள் எரிச்சலை இந்த இடத்தில் நானும் பகிர்ந்துகொள்கிறேன்.

ஆனால் இவர்கள் யாரையும்விட முக்கியமானவர் எம்மிலூ ஹாரிஸ். என் வாதம் முழுவதும் அவர்மேல்தான் நிற்கிறது. 1971இல் அவர் வாஷிங்டனின் சிறு விடுதிகளில் ஜோன் பேயஸ் பாணியில் நாட்டுப்பாடல்கள் பாடிக்கொண்டிருந்த இளம் தாய். வெளியிட்டிருந்த ஒரே ஆல்பம் கவனிப்பாரின்றிப் போயிருந்தது. ஹில்மன் சொல்லி பார்சன்ஸ் அவரைக் கேட்டார், தன்னுடன் பாட அழைத்தார். கண்ட்ரி இசையை அதுவரை தான் பொருட்படுத்தியதே இல்லை என்றும் கிராமோடு பாடித்தான் அதைக் கேட்கவே கற்றுக்கொண்டதாகவும் எம்மிலூ பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

நம் காதுகளுக்கு இங்கே ஒரு சிறு விளக்கம் வேண்டியிருக்கும். நம் திரைப்படங்களில் ஜோடிப்பாடல் என்றால் பெரும்பாலும் அவர் ஒரு வரி, இவர் ஒரு வரி. சேரும் இடத்தில் இருவரும் ஒரே மெட்டைப் பாடுவார்கள். கண்ட்ரியின் ஹார்மனி வேறு. ஒருவர் மெட்டைப் பாட, மற்றவர் அதே சொற்களை அதே கணத்தில் வேறு சுரங்களில், பெரும்பாலும் மேலே, பாட வேண்டும். மேலே பாடுபவர் முன்னவரின் மூச்சையும் தயக்கத்தையும் ஊகித்துக்கொண்டே போக வேண்டும். 'கிரீவியஸ் ஏஞ்சல்' ஆல்பத்தில் உள்ள 'லவ் ஹர்ட்ஸ்' பாடலைக் கேளுங்கள். பார்சன்ஸின் குரல் பயிற்சிபெற்ற குரல் அல்ல. நீண்ட சுரங்களில் நடுங்குகிறது, சில இடங்களில் சுருதியின் ஓரத்தில் வழுக்கப் பார்க்கிறது. எம்மிலூ அதைத் திருத்த முயல்வதில்லை. அந்த நடுக்கத்தின் அளவுக்கே தன் குரலையும் தாழ்த்திக்கொண்டு கூடவே போகிறார். எது மெட்டு, எது துணை என்று சில வரிகளில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பின்னணியில் வாசிப்பவர்கள் எல்விஸ் பிரெஸ்லியின் மேடைக் கலைஞர்களான ஜேம்ஸ் பர்ட்டன், கிளென் ஹார்டின் போன்றவர்கள். வாடகைக்குப் பிடித்த வாத்தியக்காரர்கள் என்று தோன்றாத அளவுக்கு அடக்கமாக வாசித்திருக்கிறார்கள்.

அந்த ஆல்பம் 1974 ஜனவரியில், அவர் இறந்தபின், வெளிவந்தது. 195ஆம் இடம். அதோடு முடிந்திருக்க வேண்டிய கதையைத் தொடரச்செய்தவர் எம்மிலூ. பர்ட்டனையும் ஹார்டினையும் அழைத்துத் தன் ஹாட் பேண்ட் குழுவை அமைத்தார். 1975இல் அவருடைய முதல் கண்ட்ரி வெற்றி, லூவின் சகோதரர்களின் ஒரு பழைய பாடல். அது நான்காம் இடம்வரை ஏறியது. பார்சன்ஸ் காட்டிய வழியில் அவர் போய்ச்சேர்ந்த இசை அது. அதே ஆண்டின் 'எலைட் ஹோட்டல்' ஆல்பத்தில் பார்சன்ஸின் மூன்று பாடல்களைப் பாடினார். அந்த ஆல்பம் கண்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. பார்சன்ஸின் குரலில் நாஷ்வில் கேட்க மறுத்தவை, எம்மிலூவின் குரலில் நாஷ்வில்லுக்கே உரியவையாயின. அவருடைய குழுவில் வாசித்த ரிக்கி ஸ்காக்ஸ் 1980களில் கண்ட்ரியைப் பழைய ஒலிக்குத் திருப்பியவர்களில் முன்வரிசைக்காரர்.

ரைமன் அரங்கைச் சொன்னேன் அல்லவா? ஆப்ரி நிகழ்ச்சி 1974இல் அங்கிருந்து இடம்பெயர்ந்தது, கட்டடம் பாழடைந்தது. 1991இல் எம்மிலூ அங்கே சில கச்சேரிகள் செய்து ஒலிப்பதிவு செய்தார். கட்டடத்தின் நிலை கருதி ஏறத்தாழ இருநூறு பேரையே உள்ளே விட்டார்கள். அந்த ஆல்பம் எழுப்பிய கவனம் அரங்கைப் புதுப்பிக்க வழிசெய்தது. 1994இல் அது மீண்டும் திறக்கப்பட்டது.

ஆகவே பார்சன்ஸின் தாக்கத்தில் பாதிக்குமேல் எம்மிலூவின் உழைப்பு என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். பார்சன்ஸிடம் உழைப்பு இருக்கவில்லை. தாய்வழிப் பாட்டனார் ஃப்ளோரிடாவில் ஆரஞ்சுத் தோட்டங்களால் பெரும் செல்வம் சேர்த்தவர். தந்தை தற்கொலை செய்துகொண்டபோது இவருக்குப் பன்னிரண்டு வயது, தாய் குடியால் இறந்தது இவர் பள்ளிப் படிப்பை முடித்த அதே நாளில். வந்துகொண்டேயிருந்த பணம் அவரை எந்தக் குழுவிலும் நிலைத்திருக்க வேண்டிய கட்டாயமில்லாதவராக ஆக்கியது. ஒத்திகைக்கு வராததாலும் போதையில் மேடையேறியதாலும் ஹில்மனே 1970இல் அவரை வெளியேற்றினார். இதைத் துயரக் கவிஞனின் இலக்கணமாகக் கொண்டாடுவது எனக்கு ஒவ்வாது. இன்னும் பத்து ஆண்டுகள் பாடியிருக்க வேண்டிய குரல் அது.

பின்னால் வந்தவர்களைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை. 1981இல் எல்விஸ் காஸ்டெல்லோ நாஷ்வில்லுக்குப் போய்ப் பதிவுசெய்த ஆல்பத்தில் இவருடைய இரண்டு பாடல்கள் இருக்கின்றன. பங்க் அலையோடு வந்த ஓர் ஆங்கிலேயர், நக்கலின்றிக் கண்ட்ரி பாட இவரிடம்தான் வந்தார். 2012இல் ஸ்வீடனின் சோடர்பெரி சகோதரிகள், எம்மிலூவும் கிராமும் போல நாம் சேர்ந்து பாடுவோமா என்று கேட்கும் பாடலொன்றை எழுதினார்கள். அதில் கேட்கப்படுவது காதலைவிட முதலில் ஹார்மனிதான்.

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு: 'கிரீவியஸ் ஏஞ்சல்' முதலில், அதிலும் 'லவ் ஹர்ட்ஸ்' இரண்டு முறை, இரண்டாம் முறை எம்மிலூவை மட்டும் கவனித்து. அடுத்து 'த கில்டட் பேலஸ் ஆஃப் சின்', அதில் 'ஹாட் புரிட்டோ நம்பர் ஒன்' என்ற பாடல். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அவர் பாடியதிலேயே ஆகச் சிறந்தது அதுதான் என்பேன். பிறகு 'எலைட் ஹோட்டல்', அங்கிருந்து பின்னோக்கி லூவின் சகோதரர்கள். ஆவணப்படங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்.