மொட்டை மாடித் தளம்: வெளிர் நிறமா, அடர் நிறமா?

கேள்வி: எங்கள் மொட்டை மாடியில் பழைய தட்டோடுகள் பெயர்ந்துவிட்டதால் புதிதாகத் தளம் போடவிருக்கிறோம். மாடியில் நாள் முழுவதும் வெயில். அதன் கீழே படுக்கையறைகள். வெள்ளை டைல்ஸ் சீக்கிரம் அழுக்கேறிவிடும், அடர் சாம்பல் நிறக் கல்லே நல்லது என்கிறார் கொத்தனார். வற்றல் காயவைப்பதும் மாலையில் உட்காருவதும் அங்கேதான். எந்த நிறத்தைத் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: வெளிர் நிறத்தையே போடுங்கள், ஆனால் பளபளக்கும் தூய வெள்ளை வேண்டாம். அழுக்கைப் பற்றிக் கொத்தனார் சொல்வது உண்மைதான் என்றாலும், அழுக்கைக் கழுவிவிடலாம், கல் உள்வாங்கிய வெப்பத்தைக் கழுவ முடியாது.

சித்திரை பிறந்த ஓரிரு நாட்களில் மதுரையில் உச்சிப்பொழுதுச் சூரியன் ஏறத்தாழ நேர் தலைக்கு மேல் நிற்கிறது. ஆவணியில் மீண்டும் ஒருமுறை அவ்வாறே வருகிறது. அந்த வெயிலை, சுவர்களைவிட, படுத்திருக்கும் மொட்டை மாடியே முழுதாக வாங்குகிறது. மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தளத்தின் மீது சுமார் 1,000 வாட் வெயில் விழுகிறது என்று கொள்ளுங்கள். அதில் 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் வெளிர் தளம் 300 வாட்டை மட்டுமே உள்வாங்கும். 10 சதவீதத்தை மட்டும் திருப்பும் அடர் நிறக் கல்லோ 900 வாட்டை உள்வாங்கும். கோடை நண்பகலில் அடர் நிறக் கல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அரிதன்று; அதில் குழந்தை வெறுங்காலுடன் சில நொடிகள் நின்றாலே கொப்புளம் வரக்கூடும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் படுக்கையறைகள்தான். பகலில் கல்லும் அதன் கீழுள்ள கான்கிரீட்டும் சேர்த்துவைத்த வெப்பம் சில மணி நேரம் கழித்துத்தான் கூரையின் அடிப்பக்கத்தை எட்டுகிறது. அதனால்தான் வெளியே காற்று தணிந்த பிறகும் இரவு பத்து மணிக்கு மின்விசிறி அனல் காற்றை இறக்குகிறது. தளம் முதலிலேயே குறைவாக உள்வாங்கினால், இரவில் இறங்குவதும் குறைவாகவே இருக்கும். மத்திய அரசு 2007இல் கொண்டுவந்த எரிசக்தி சேமிப்புக் கட்டட விதிகள் இத்தகைய வெயில் திருப்பும் கூரைகளுக்கு 0.70 என்ற பிரதிபலிப்பு அளவை வைத்தன. அது பெரிய வணிகக் கட்டடங்களுக்கான விதி என்றாலும், வீடு கட்டுவோர் கடையில் கேட்க வேண்டிய எண்ணும் அதுவே.

கண்ணால் பார்க்கும் நிறத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது. சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாகவே வருகிறது. ஒரே சாயல் கொண்ட இரண்டு டைல்ஸ் அவற்றை வேறு வேறு அளவில் திருப்பக்கூடும். மேலும், ஒரே சூட்டில் இருந்தாலும் கிரானைட் போன்ற இறுகிய கல் காலுக்கு வெப்பத்தை விரைவாகக் கடத்தும். நுண்துளைகள் நிறைந்த சுட்ட மண் மெதுவாகவே கடத்தும். உங்கள் பழைய தட்டோடு சிவப்பாக இருந்தும் ஓரளவு கால் வைக்க முடிந்ததற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் தூய வெள்ளையை ஏன் தவிர்க்கச் சொல்கிறேன்? ஆள் நடமாடாத கூரையாக இருந்தால் அதையே பரிந்துரைத்திருப்பேன். நீங்கள் வற்றல் பிழியும் காலை வெயிலில் அது கண்ணைக் கூசவைக்கும். வழவழப்பானதாக இருந்தால் மழையில் வழுக்கும். ஆகவே, சொரசொரப்பான மேற்பரப்புள்ள இளமஞ்சள் அல்லது தந்த நிறத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று மாதிரிகளை வாங்கி, காலை முதல் மாடியிலேயே கிடத்தி, பிற்பகல் இரண்டு மணிக்குத் தொட்டுப் பாருங்கள். பிறகு நீர் ஊற்றி, பிடிமானம் இருக்கிறதா என்று கால் வைத்துப் பாருங்கள்.

பழைய தளத்தைப் பெயர்க்கும்போதே நீர்க்கசிவுத் தடுப்பையும், மழைநீர்க் குழாயை நோக்கிய வாட்டத்தையும் சரிசெய்துவிடுங்கள். நீர் தேங்கும் இடத்தில் பாசி பிடித்தால் வெளிர் டைல்ஸும் கறுத்து, வெயிலைத் திருப்பும் திறனை இழக்கும். ஆண்டுதோறும் கோடை தொடங்குமுன் ஒருமுறை தேய்த்துக் கழுவினால் போதும்.

கேள்வி: நாங்கள் ஏற்கெனவே மாடியில் கறுப்புக் கடப்பா கல் பதித்துவிட்டோம். மேலே வெள்ளை வண்ணம் பூசலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: மெருகேற்றிய கல்லில் வண்ணம் சரியாகப் பிடிக்காது, நடக்க நடக்க உரியும். கல்லைப் பெயர்க்கும் செலவும் இப்போது தேவையில்லை. படுக்கையறைக்கு மேலுள்ள பகுதிக்கு மட்டும், தளத்திலிருந்து ஏழெட்டு அடி உயரத்தில், அடியில் காற்று நன்றாக ஓடும்படி பந்தலோ நிழல்வலையோ அமையுங்கள். வெயில் கல்லைத் தொடாதபோது அதன் நிறம் பெரிய பொருட்டல்ல. வலையைத் தாங்கும் கம்பங்களுக்காகத் தளத்தில் துளையிட வேண்டாம், நீர்க்கசிவு தொடங்கிவிடும். கைப்பிடிச் சுவரிலேயே அவற்றைப் பொருத்தச் சொல்லுங்கள்.