பேரேட்டில் பிள்ளையார் சுழி: பழைய கணக்கு ஏடுகளைக் கணினியில் ஏற்றுவது – கேள்வி பதில்

கானாடுகாத்தான்: அண்ணே, பர்மாக் கடைப் பேரேடு ஏழு இருக்கு. ஸ்கேனர் வாங்கணுமா?

போன் போதும். பக்கம் 13-க்கு 8 அங்குலம் என்றால், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3,900 × 2,400. 12 மெகாபிக்சலில் அடங்கிவிடும். ஒரு படத்துக்கு ஒரு பக்கம்தான். வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) நேர்வெயில் படாத இடம் பாருங்கள், ஃபிளாஷ் வேண்டாம். ஏட்டின் முதுகு முறியாமல் இரு பக்கமும் துண்டை மடித்து அண்டை கொடுங்கள். ஸ்கேன் ஆப்பின் கறுப்பு வெள்ளை வசதியைத் தொடாதீர்கள். மங்கிய மையையும் அழுக்கென்று துடைத்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

தேவகோட்டை: "ருத்ரோத்காரி ௵ தை ௴ ௰௨ ௳" என்று இருக்கிறது. 1923 என்று பதிந்தேன். சரிதானே?

இல்லை ஆச்சி, 1924. ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். வருடம் சித்திரையில் பிறக்கிறது; தை வருவதற்குள் ஆங்கில ஆண்டு மாறிவிடும். ௰௨ என்பது 12, ஆக ஜனவரி கடைசி வாரம். மாசி, பங்குனிக்கும் இதே கதைதான். மார்கழிதான் தொல்லை, பாதி இங்கே பாதி அங்கே. இன்னொன்று, 60 வருடச் சுற்றில் 1863-ம் ருத்ரோத்காரிதான். கூடக் கிடக்கும் புரோநோட்டின் ஸ்டாம்பில் ஐந்தாம் ஜார்ஜ் தலை இருந்தால் சந்தேகமில்லை.

௶ (பற்று), ௷ (வரவு), ௸ (மேற்படி) குறிகளை அப்படியே தட்டச்சிடலாம். 2003 முதல் யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டில்) உண்டு. மாகாணி, முந்திரி போன்ற பின்னக் குறிகள் 2019-ல்தான் சேர்ந்தன. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட் எழுத்துருவை நிறுவுங்கள்.

காரைக்குடி: கையெழுத்தைக் கணினியே படிக்குமா?

அச்செழுத்துக்கு, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மென்பொருள் போதும், கணக்குப்பிள்ளை கையெழுத்துக்கு ஆகாது. கையெழுத்தைப் படிக்கும் டிரான்ஸ்கிரிபஸ் மென்பொருளில் பழக்கலாம், 5,000 முதல் 15,000 சொல் வரை நீங்களே படித்து அடித்துத் தரவேண்டும். ஒருவர் கைக்குப் பழக்கியது இன்னொருவர் கையில் தடுமாறும்.

கோளாறு வருவது எண்களில்தான். ௧-ம் க-வும், ௭-ம் எ-வும் பார்வைக்கு ஒன்றே. பழக்கும்போது எண் வரும் இடத்தில் எண்குறியையே அடியுங்கள், சோம்பல்பட்டு எழுத்தைப் போட்டால் கடைசிவரை கலப்புதான். பக்கத் தலையிலுள்ள பிள்ளையார் சுழியை ௨ என்று படித்து, முதல் வரவே இரண்டு ரூபாய் என்று காட்டும்! அந்தப் பகுதியை முதலிலேயே விலக்கிவிடுங்கள். ௨௱௫௰௩ என்றால் 253. குறிக்குக் குறி மாற்றினால் 21005103 ஆகிவிடும். ௰, ௱, ௲ வந்தால் முன்னுள்ள எண்ணால் பெருக்கிக் கூட்டவேண்டும், முன்னால் ஒன்றுமில்லை என்றால் ஒன்று.

ஏஐ அரட்டைச் செயலியிடம் படம் கொடுத்துக் கேட்கிறார்கள். தெரியாத வரியையும் சரளமாக இட்டுக்கட்டும். பக்க அடியில் கணக்குப்பிள்ளை போட்ட கூட்டுத்தொகையோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். அந்தக் காலத்துச் சரிபார்ப்பு, இன்றைக்கும் அதுதான்.

கோட்டையூர்: முகப்பு நிலைக்கதவை முப்பரிமாணமாக்க?

படங்களை இணைத்து உருவம் கட்டும் மென்பொருள் உண்டு. அதற்குப் பக்கத்துப் படங்கள் முக்கால் பாகம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நூறு படம் எடுங்கள், மேகமூட்டமான நாளில். அளவுகோலும் படத்தில் இருக்கட்டும். பெல்ஜியம் கண்ணாடியும் பாலிஷ் ஏறிய தேக்குத்தூணும் பிம்பம் காட்டுவதால் உருவம் நெளியும்.

பள்ளத்தூர்: எக்செல்லில் 5-8-6 என்று அடித்தால் தேதியாக மாறுகிறதே?

ரூபாய், அணா, தம்பிடிக்குத் தனித்தனிப் பத்தி போடுங்கள். நாலாவது பத்தியில் எல்லாவற்றையும் தம்பிடியாக்குங்கள்: ரூபாய்க்கு 192, அணாவுக்கு 12. உங்கள் தொகை 960 + 96 + 6, ஆக 1,062. கூட்டலை அந்தப் பத்தியிலேயே செய்யுங்கள். தசமத்தில் போட்டால் 5.86 என்று தப்பாக ஏறும்.