அப்பா படத்துக்கு மேலே ஒரு கேமரா

மதிப்புக்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு 46 வயது. சென்னையில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மனைவி, ஒரு மகன். அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு 74. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டில் தனியாக இருக்கிறார். எங்களோடு வந்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டும் வர மறுக்கிறார்.

போன வருடம் 18,000 ரூபாய் செலவு செய்து அந்த வீட்டில் நான்கு கேமரா வைத்தேன். வாசல், கொல்லைப்புறம், சமையலறை, கூடம். கூடத்தில் அப்பா படத்துக்குப் போட்ட சீரியல் விளக்குக்காக ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. அதனால் படத்துக்கு மேலேயே மாட்டிவிட்டார்கள். இதெல்லாம் யாருக்காகச் செய்தேன்? ஆனால் யாருக்கும் நன்றி இல்லை.

அம்மா தினமும் சாயந்திரம் விளக்கேற்றும் நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, கூடத்துக் கேமராவைத் துண்டால் மூடிவிடுகிறார். விழுந்தால் என்ன ஆவது? சொன்னால் கேட்பதில்லை. ஒருநாள் கேமரா ஸ்பீக்கரிலேயே “அம்மா, மாத்திரை போட்டாச்சா?” என்று கேட்டேன். பயந்துபோய்க் கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டுவிட்டார். அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பக்கத்து வீட்டு அத்தை வேறு, “உன் பிள்ளை உன்னைக் காவல் காக்கிறானா, வேவு பார்க்கிறானா?” என்று தூண்டிவிடுகிறார். திருப்பூரில் இருக்கும் என் தங்கை, “கேமராவை வச்சிட்டுக் கையைக் கழுவிட்டே” என்கிறாள். அவள் வருடத்துக்கு இரண்டு முறை வருபவள். நான் அம்மாவைப் பார்க்காத நாளே இல்லை. தினமும் பார்த்துவிடுவதால் போன் பேச்சு குறைந்துவிட்டது, அது இயல்புதானே?

போனில் அலர்ட் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது வரும். பூனை, கொடியில் ஆடும் புடவை, எதற்கும் அடிக்கும். ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சாப்பிடும்போதும் போன்தானா என்று மனைவி எரிச்சல்படுகிறாள். அலுவலகத்திலும் நிம்மதி இல்லை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. லேப்டாப்பில் ஒரு மென்பொருள் போட்டிருக்கிறார்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து அனுப்பும். “11.20 முதல் 11.40 வரை எங்கே போனீர்கள்?” என்று மேனேஜர் கேட்டார். பாத்ரூம் போனேன் என்று 46 வயதில் சொல்ல வேண்டியிருந்தது. அன்று முழுக்க மனம் கூசிப்போனது.

இதற்கு நடுவில் போன மாதம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அலர்ட் வந்தது. பார்த்தால் அம்மா கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து, கேமராவை அண்ணாந்து பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் இருக்கும். ஃபேன் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மறதி நோயின் ஆரம்பமா என்று ஒரு பயம். நான் பார்த்தது தெரிந்தால் கோபப்படுவார் என்று கேட்கவில்லை. அது இருக்கட்டும்.

என் கேள்வி இதுதான்: கேமரா அவருடைய நன்மைக்குத்தான் என்பதை அம்மாவுக்கும் தங்கைக்கும் எப்படிப் புரிய வைப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத மகன், சென்னை

*

அன்புள்ள தம்பி,

“அது இருக்கட்டும்” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். என்னால் நகர முடியவில்லை. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் அந்த ராத்திரி இரண்டு மணியில்தான் வந்து நின்றேன். பக்கத்து வீட்டு அத்தையையும் தங்கையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் அம்மா இருபது நிமிடம் பேசியிருக்கிறார். நீங்கள் இருபது நிமிடம் பார்த்திருக்கிறீர்கள். ஒரு மாதம் ஆகியும் அந்தப் பேச்சு என்னவென்று உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த பூனைக்குத் தெரிந்த அளவுகூட உங்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பயத்தை ஒரு மாதமாகத் தனியாகச் சுமந்துகொண்டு, அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிக் கோபப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கேமராவைப் பார்த்துப் பேசினார் என்கிறீர்கள். ஆனால் அந்தக் கேமரா எங்கே இருக்கிறது என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அப்பா படத்துக்கு மேலே. மேலே இருக்கும் கண்ணுக்கு, கீழே இருக்கும் படத்தைப் பார்ப்பவரும் தன்னையே பார்ப்பதுபோலத்தான் தெரியும். அவர் தன் கணவரோடு பேசியிருக்கலாம். சாயந்திரம் விளக்கேற்றும்போது ஸ்டூல் போட்டு ஏறித் துண்டு போடுவதும் அதற்காகவே இருக்கலாம். இத்தனை வருடம் குடும்பம் நடத்திய மனுஷரோடு இருக்கும் கொஞ்ச நேரத்தில் பிள்ளை எட்டிப் பார்க்க வேண்டாம் என்று ஒரு பெண் நினைப்பதில் என்ன தப்பு? நடு ராத்திரி இருட்டில் ஸ்டூல் ஏற முடிந்திருக்காது, அவ்வளவுதான். அம்மா விழுந்துவிடக் கூடாது என்று வைத்த கேமராவை மூடத்தான் அவர் 74 வயதில் தினமும் ஸ்டூல் ஏறுகிறார். இதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

துணையை இழந்தவர்கள் இப்படிப் பேசுவது உலகம் முழுக்க உண்டு. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் டெவி ரீஸ் என்ற குடும்ப மருத்துவர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரை நேரில் சந்தித்து விசாரித்து, 1971-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஏறக்குறைய பாதிப் பேருக்கு, போனவர் பக்கத்திலேயே இருப்பது போன்ற உணர்வோ, அவருடைய உருவமோ குரலோ வந்திருக்கிறது. அவரோடு பேசியவர்களும் உண்டு. பெரும்பாலோர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதே இல்லை. பலருக்கு அது துணையாகத்தான் இருந்திருக்கிறது. இதை நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வயதானால் தூக்கம் துண்டு துண்டாக உடைவதும் சகஜம்தான்.

இன்னொன்றும் இருக்கலாம். அவர் உங்களோடு பேசியிருக்கலாம். மகன் அந்தப் பக்கம் இருக்கிறான் என்று தெரிந்துதானே அன்றைக்குச் சொம்பைப் போட்டார்? பகலில் கேட்டால் “நல்லா இருக்கேன்டா” என்று முடித்துவிடுகிறவர், ராத்திரியில் மனம் தாங்காமல் கேமராவின் அந்தச் சின்ன விளக்கைப் பார்த்து உங்களிடம் சொல்லியிருக்கலாம். எது உண்மை என்று எனக்கும் தெரியாது. அவரைத்தான் கேட்க வேண்டும்.

மறதி நோயா என்ற கேள்வியை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அதற்குப் பார்க்க வேண்டியவை வேறு. தெரிந்த கடைத்தெருவில் வழி தடுமாறுகிறாரா, கேட்டதையே மறுபடி மறுபடி கேட்கிறாரா, அடுப்பை அணைக்க மறக்கிறாரா, பணக்கணக்கு குழம்புகிறதா? இப்படி ஏதாவது இருந்தால் நீங்களே கூட்டிக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, காது மந்தம் எல்லாம்கூட மறதி மாதிரி வேஷம் போடும், அவற்றுக்கு வைத்தியம் உண்டு. இரண்டொரு நாளில் திடீரென்று பேச்சு குழம்பினால் சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கும். அப்போது காத்திருக்காமல் உடனே காட்ட வேண்டும். இதில் எதையும் கேமராவில் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினால் பாதி தெரிந்துவிடும்.

போன் பேச்சு குறைந்தது இயல்புதானே என்று கேட்டீர்கள். இல்லை தம்பி. பார்ப்பது பேசுவதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பார்த்தவுடன் உங்கள் பதற்றம் தணிகிறது, ஐந்து நிமிடத்தில் திரும்ப ஏறுகிறது, மறுபடி பார்க்கிறீர்கள். பதற்றத்துக்கு இப்படித் தீனி போடப் போட அது வளரும். நாற்பது அலர்ட்டில் ஒன்று நிஜமாக இருந்துவிடுமோ என்ற எண்ணம்தான் கையை விடாமல் இழுக்கிறது. இந்த ஆறுதல் முழுக்க உங்களுக்கு மட்டும்தான். நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்பது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அவர் கணக்கில் பிள்ளை பேசாத நாள், பேசாத நாள்தான்.

அந்த வகையில் உங்கள் தங்கை சொன்னது கடுமையான சொல், ஆனால் பொய்யில்லை. நீங்கள் அன்பில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. அன்பில்லாதவன் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்க்க மாட்டான். அந்த அன்பு உங்கள் போனோடு நின்றுவிட்டது, அம்மாவிடம் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான் என் வருத்தம்.

“11.20 முதல் 11.40 வரை எங்கே போனீர்கள்” என்ற கேள்வி உங்களை எப்படிக் கூச வைத்தது! வேலை ஒழுங்காக நடக்கத்தானே கேட்கிறோம் என்று உங்கள் மேனேஜரும் சொல்லியிருப்பார். மாத்திரை போட்டாச்சா என்று சுவரிலிருந்து உங்கள் குரல் வந்தபோது அம்மாவுக்கும் அந்தக் கூச்சம்தான். அவருக்கு அது சொந்த வீடு வேறு.

எப்படிப் புரிய வைப்பது என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவருக்கு எல்லாம் புரிந்துதான் இருக்கிறது. வாசலிலும் கொல்லையிலும் கேமரா இருக்கட்டும், அவர் சம்மதித்தால். அலர்ட் சத்தத்தை நிறுத்திவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் போன் செய்யுங்கள். மாத்திரை பற்றிக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.

இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போங்கள். கிளம்புவதற்கு முன்னால் போன் செய்து, “அம்மா, அன்னைக்கு ராத்திரி நீங்க உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன், கேட்கத் தைரியம் வரலை” என்று சொல்லிவிடுங்கள். கோபப்பட்டால் படட்டும், திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் சாயந்திரம் அவர் விளக்கேற்றும்போது கூடத்தில் இருங்கள். ஸ்டூலில் ஏறி, அந்தக் கேமராவை நீங்களே கழற்றி எடுத்துவிடுங்கள். அப்புறம் பாயை விரித்து, அவர் பக்கத்தில் உட்காருங்கள்.