வெயிலில் கிடக்கும் மரம்: கேள்வி பதில்

தச்சு வேலையும் மெருகு வேலையுமாக எனக்கு 36 வருடம் ஓடிவிட்டது. இப்போது மொட்டை மாடி, தோட்டம், நீச்சல் குளத்து ஓரம் என்று எங்கே பார்த்தாலும் மரத்தளம் போடுகிறார்கள். டெக் என்கிறார்கள். போடும்போது இருக்கும் ஆசை பராமரிப்பில் இருப்பதில்லை. மழையும் வெயிலும் நேராகப் படும் மரத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன்: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காரணத்தை யாராவது கேட்பார்கள், அப்போது சொல்கிறேன்.

நீலாங்கரையிலிருந்து: மாடியில் தேக்குத் தளம், பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி. இரண்டு வருடத்துக்கு முன் வார்னிஷ் அடித்தோம். இப்போது செதில் செதிலாக உரிகிறது. இன்னொரு கோட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் வேலைக்காரர். அடிக்கலாமா?

இன்னொரு கோட் அடித்தால் அந்தக் கோட்டும் சேர்ந்து உரியும்.

நிற்கும் மரம் வேறு, படுத்திருக்கும் மரம் வேறு. வாசல் கதவில் விழுந்த மழை வழிந்து ஓடிவிடும். தளத்தில் விழுந்தது அங்கேயே தேங்கும். வார்னிஷ் மரத்தின் மேல் ஒரு தோல். மழையில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். தோலால் அந்த அளவுக்கு ஈடுகொடுக்க முடியாது. திருகாணித் தலையை ஒட்டியும் பலகையின் வெட்டுமுனையிலும் முதலில் மயிரிழை போல விரிசல் விடும். அதன் வழியே உள்ளே போன நீருக்குத் திரும்பி வர வழி கிடையாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதிக்கு என் கையாலேயே மூன்று கோட் போட்டேன். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. சித்திரையில் முடித்த வேலைக்கு மார்கழியில் கூப்பிட்டு அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம். ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினேன். ஓரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்து வந்து நகத்தின் மேல் நின்றது. மழை விட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஒன்பது நாளாக அந்த நீரை மூடி வைத்துக் காத்தது நான் அடித்த வார்னிஷ்தான். மரத்தைக் கெடுப்பது மழை அல்ல, போக வழியில்லாமல் தங்கிவிடும் ஈரம். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சணம் அதை அரிக்காது.

ஆகவே இருப்பதை முழுக்கச் சுரண்டி எடுங்கள். 60 நம்பர் உப்புத்தாள், பிறகு 80. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வழவழப்பாகத் தேய்த்தால் எண்ணெய் உள்ளே இறங்காது. இரண்டு மூன்று வாரம் மழையில்லாமல் காயட்டும். அதன் பிறகு மரத்துக்குள் இறங்கும் வெளிப்புற எண்ணெய், நிறமி கலந்ததாக வாங்கி மெல்லியதாகப் பூசுங்கள். கால் மணி நேரம் கழித்து, மரம் குடிக்காமல் மேலே மிச்சம் நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு ஊர்த் தூசியெல்லாம் அதில்தான் சேரும். வெட்டுமுனைகளுக்கு மட்டும் இரண்டு மூன்று தடவை கொடுங்கள். மரம் நீர் குடிக்கும் வாய் அதுதான்.

எண்ணெய் உரியாது, வெளுக்கும். வெளுத்தால் கழுவிக் காயவிட்டு மேலேயே பூசிக்கொள்ளலாம், சுரண்டும் வேலை இல்லை. நம் வெயிலுக்கு வருடத்துக்கு ஒரு முறையாவது வேண்டும். சென்னைப் பக்கம் என்றால் மாசியில் ஒன்று, முடிந்தால் ஐப்பசி மழைக்கு முன் ஆவணியில் ஒன்று.

வேளச்சேரியிலிருந்து: எப்போது மறுபடி பூச வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாலைந்து இடத்தில் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக நின்றால் இன்னும் காலம் இருக்கிறது. சில நிமிடத்தில் உறிஞ்சிக் கறுத்துப்போனால் பூச வேண்டும். பூந்தொட்டி இருக்கிற இடத்தையும் தொட்டியை நகர்த்திவிட்டுப் பாருங்கள். அழுகல் அங்கேதான் தொடங்கும். தொட்டிக்கு அடியில் காற்று போகிற மாதிரி மூன்று கட்டை வையுங்கள்.

கோவையிலிருந்து: நிறமி வேண்டாம் ஐயா. தேக்கின் பொன்னிறம் அப்படியே தெரிய வேண்டும். கிளியர் போதாதா?

மரநாரைப் பிணைத்து வைத்திருக்கும் பசைக்கு லிக்னின் என்று பெயர். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்கும், மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். மிச்சம் நிற்கிற நார்தான் நீங்கள் பார்க்கும் சாம்பல் நிறம். கதிரைத் தடுப்பது நிறமிதான். நிறமில்லாத எண்ணெய் நீரைத் தள்ளுமே தவிர வெயிலைத் தடுக்காது. பொன்னிறம் வேண்டுமானால் தேக்கு நிறத்திலேயே நிறமி வாங்குங்கள்.

சாம்பல் நிறத்தைக் கண்டு பயப்படவும் வேண்டாம். அது மேல்தோல் மட்டும்தான். மென்மரமே நூறு வருடத்தில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர்தான் இப்படித் தேயும் என்பார்கள், தேக்கு அதைவிடக் கெட்டி. அடியில் காற்றோட்டமும் பலகைக்கு இடையில் 4 மில்லிமீட்டர் சந்தும் இருந்தால் எதுவும் பூசாமலே விடலாம். எனக்கு அந்த நிறம் பிடிக்கும். பணம் கொடுத்த வீட்டுக்காரர்களுக்குத்தான் பிடிப்பதில்லை.

திருச்சியிலிருந்து: தேங்காய் எண்ணெய் தடவலாமா?

கூடாது. காயாது, சிக்குவாடை அடிக்கும், எறும்பு வரும்.

தூத்துக்குடியிலிருந்து: திருகாணியைச் சுற்றிக் கறுப்பாக வட்டம் விழுந்திருக்கிறது. அழுகலா?

பெரும்பாலும் அழுகல் அல்ல. இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் ஈரத்தில் சேர்ந்த கறை. ஊசியால் குத்திப் பாருங்கள், பொதபொதவென்று இறங்கினால்தான் அழுகல். ஒரு லிட்டர் வெந்நீரில் 30 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்துத் தடவி, கறை வெளுத்ததும் நன்றாக அலசிவிடுங்கள். அது விஷம். கையுறை போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். திருகாணியை மாற்றாவிட்டால் கறை திரும்ப வரும். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு 304 ரகத் துருப்பிடிக்காத எஃகும் பழுப்பு ஏறும், 316 ரகம் கேட்டு வாங்குங்கள். பிளீச்சிங் பவுடர் மட்டும் போடவே போடாதீர்கள்.

டொரான்டோவிலிருந்து: மருந்தேற்றிய பைன் மரத்தில் டெக் கட்டி இரண்டு வாரம் ஆகிறது. உடனே ஸ்டெயின், அதாவது நிறப்பூச்சு, அடிக்கலாமா?

பனியில் நான் வேலை செய்ததில்லை, உங்கள் ஊர்த் தச்சர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் மருந்தேற்றிய பலகை கடையிலிருந்து ஈரமாகவே வரும். தண்ணீர் தெளித்தால் உறிஞ்சுகிறதா என்று பாருங்கள், உறிஞ்சும்வரை காத்திருங்கள். பழைய டெக்கைப் பிரித்துவிட்டு இதைக் கட்டினீர்கள் என்றால் இன்னொன்று: 2004-க்கு முன் மருந்தேற்றிய மரத்தில் பெரும்பாலும் ஆர்சனிக் இருக்கும். அந்தத் துண்டுகளை அடுப்பில் எரிக்காதீர்கள்.

மதுரையிலிருந்து: நல்லெண்ணெய்?

திருச்சிக்காரருக்குச் சொன்ன பதில்தான்.

பெயர் சொல்லாதவர்: எந்தக் கம்பெனி எண்ணெய் நல்லது?

கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன். டப்பாவில் வெளிப்புறத்துக்கு என்றும் நிறமி உண்டு என்றும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சேலத்திலிருந்து: துணியைச் சுருட்டாதே என்றீர்களே, ஏன்?

நான் சொன்ன மர எண்ணெய்கள் பலவற்றில் இருப்பது ஆளி விதை எண்ணெய், அதாவது லின்சீட். அது தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. இறுகும்போது சூடு வரும். விரித்துப் போட்ட துணியில் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டினால் உள்ளேயே ஏறி ஏறித் துணி தானாகப் பற்றிக்கொள்ளும். தீக்குச்சி வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று 1991 பிப்ரவரியில் இப்படித்தான் எரிந்தது. வேலைக்காரர்கள் விட்டுப்போன லின்சீட் துணி. மூன்று தீயணைப்பு வீரர்கள் செத்துப்போனார்கள். துணியை ஒற்றையாக விரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் மூழ்கவைத்து மூடுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து: இத்தனை செலவு எதற்கு? எங்கள் தோட்டத்தில் வேலிக்காலுக்கும் மாட்டுக்கொட்டகைத் தூணுக்கும் வண்டியிலிருந்து வடித்த பழைய என்ஜின் ஆயில்தான். இருபது வருடமாக நிற்கிறது. தளத்துக்கும் அதையே அடித்துவிட்டேன்.

நிற்பது ஆயிலாலா, வேலிக்கால் கருவேலம் என்பதாலா? என்ஜின் ஆயில் மண்ணெண்ணெய் வகையறா, எத்தனை வருடம் ஆனாலும் இறுகாது. காலில் ஒட்டும், கிணற்றுக்குப் போகும். தேய்ந்த உலோகமும் கரியும் அதில் கலந்திருக்கும்.

மறுபடி பொள்ளாச்சி: சமையல் எண்ணெயும் கூடாது, வண்டி எண்ணெயும் கூடாது. கடையில் டப்பாவில் வருவது மட்டும்தான் எண்ணெயா? எங்கள் தாத்தா காலத்தில் டப்பா இருந்ததா?

தாத்தா காலத்தில் என்ஜின் ஆயில் மட்டும் இருந்ததா? விதை எண்ணெய், மீன் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் காயாத ரகம். லின்சீட் தனி ஜாதி.

குளச்சலிலிருந்து: ஐயா, மீன் எண்ணெய் காயாது என்று யார் சொன்னது? எங்கள் அப்பா வள்ளத்துக்குச் சாளை எண்ணெயும் முந்திரி எண்ணெயும்தான் பூசுவார். இப்போது எல்லாம் ஃபைபர் படகு என்றாலும் நான் சிறுவயதில் பூசியிருக்கிறேன். மணலில் ஏற்றி வைத்து வெயிலில் விட்டால் தோல் மாதிரி இறுகும். பொள்ளாச்சிக்காரர் சொல்வது வேறு, அதை வள்ளத்தில் பூசினால் அப்பா அடித்தே இருப்பார்.

நாற்றத்தை வைத்துக் காயாது என்று முடிவு கட்டிவிட்டேன் போலிருக்கிறது. யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்: குளச்சல்காரர் சொல்வது சரி. எண்ணெய் இறுகுமா என்பதை அயோடின் எண்ணால் அறியலாம். எண் கூடக் கூட ஆக்சிஜனைப் பிடிக்கும் இடம் அதிகம். தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 10, நல்லெண்ணெய்க்கு 110 அளவில், ஆளி எண்ணெய்க்கு 170-க்கு மேல். சாளை எண்ணெய் ஆளிக்குப் பக்கத்தில் நிற்கும். விதை எண்ணெய் எல்லாம் காயாது என்றீர்களே, ஆளியும் விதைதானே?

ஒப்புக்கொள்கிறேன். தவறாக எழுதிவிட்டேன். அப்படியானால் நல்லெண்ணெய் பாதிதான் காயும், மதுரைக்காரர் தடவினால் கடைசிவரை பிசுபிசுப்புத்தான். இதைத் தொழிலில் கையால் தெரிந்து வைத்திருந்தேன், காரணம் தெரியாது. சாளை எண்ணெய்த் துணியையும் சுருட்டாதீர்கள் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோயம்பேட்டிலிருந்து: அப்படியானால் என் டெக்குக்கு மீன் எண்ணெய் வாங்கலாமா?

பூனைகள் சம்மதித்தால் வாங்குங்கள்.

மறுபடி குளச்சல்: முந்திரி எண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

அதை நானே பயன்படுத்துகிறேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுப்பது. கெட்டியாக, கரும்பழுப்பாக இருக்கும். கரையானுக்கு ஆகவே ஆகாது. ஆனால் தளத்தின் மேற்பலகைக்குப் பூச மாட்டேன். நிறம் கறுத்துவிடும், காய நாளாகும். காய்வதற்கு முன் தொட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். உங்கள் அப்பாவின் கை எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அடியில் தாங்கும் சட்டங்களுக்கும் சுவரில் பதியும் முனைகளுக்கும் அதைப் பூசிவிட்டு மேலே பலகை அடிப்பேன். கண்ணுக்குத் தெரியாத இடம், கால் படாத இடம்.

ஆறு பேர், வெவ்வேறு ஊர்: கடுகெண்ணெய், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய், பாமாயில்...

மேலே தஞ்சாவூர் ஆசிரியர் எழுதியதைப் படியுங்கள். இனி சமையலறையிலிருந்து வரும் கேள்விகளுக்குப் பதில் இல்லை.

கொடைக்கானலிலிருந்து: பாசி பிடித்து வழுக்குகிறது.

மேலே மரக்கிளை கவிந்திருக்கும், அதை வெட்டுங்கள். கெட்டித் துடைப்பமும் சோப்புத் தண்ணீரும் போதும். கார் கழுவும் பிரஷர் குழாயைக் கிட்டத்தில் பிடித்தால் நார் எழும்பும், அடுத்த பாசி இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

ஓசூரிலிருந்து: மூங்கில் டெக் போடலாமா?

மூங்கில் மரம் அல்ல, புல். வைரம், அதாவது கெட்டியான பாகம், உள்ளே இருப்பது மரம், வெளியே இருப்பது புல் என்று தொல்காப்பியத்திலேயே பிரித்துவிட்டார்கள். மூங்கில் வேலை செய்பவரைக் கேளுங்கள்.

தாம்பரத்திலிருந்து: தேக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். மூன்றே வருடத்தில் சில பலகையில் மட்டும் கரையான். ஏமாற்றிவிட்டார்களா?

தேக்காகவே இருக்கும். பலகையின் ஓரத்தில் வெளிர் மஞ்சளாக ஒரு பட்டை இருக்கிறதா? அது வெளிறு. கரையானைத் தடுக்கும் சத்து நடுவில் இருக்கும் வைரத்தில்தான் உண்டு. பதினைந்து இருபது வருடத்தில் வெட்டிய தோட்டத் தேக்கில் பாதி வெளிறுதான். வாங்கும்போது வயதைக் கேட்பதில்லை, விலையை மட்டும் கேட்கிறார்கள். அந்தப் பலகைகளை மட்டும் மாற்றுங்கள்.

பொள்ளாச்சி: சரி, ஒப்புக்கொண்டேன். வீட்டில் பேரன் தவழ்கிறான், முழங்காலெல்லாம் கறுப்பு. அடித்த ஆயிலை எப்படி எடுப்பது?

முழுக்க எடுக்க முடியாது. மரத்தூளைக் கொட்டி ஒரு வாரம் ஊறவிட்டு வாரி எடுங்கள், மேலே நிற்பது அதில் வந்துவிடும். தூளை எரிக்காதீர்கள், ஓடையிலும் கொட்டாதீர்கள், மூட்டை கட்டித் தனியாகக் கொடுத்துவிடுங்கள். பிறகு ஒரு பலகையைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். ஒரு பக்கம்தான் பூசினீர்கள் என்றால் அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும். எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு, மேலே வரும் பக்கத்தை இழைப்புளியால் ஒரு சீவு சீவி, 80 நம்பர் தாள் தேய்த்து லின்சீட் கொடுங்கள். திருப்புவதற்கு முன் பழைய திருகாணித் துளைகளில் மரக்குச்சி அடித்து அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் அதன் வழியே இறங்கும். லின்சீட் நன்றாக இறுகும்வரை, இரண்டு வாரமாவது, பேரனை மேலே விடாதீர்கள்.

துணியைக் கொடியில் விரித்துப் போடுங்கள்.