ஓ.எல் முடிந்தது, எந்தத் தொழில்? திருகோணமலைப் பிள்ளைகளுக்கான கேள்வி பதில்

சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு, திருகோணமலை மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் பெற்றோரும் பிள்ளைகளும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளுக்குத் தொழிற்பயிற்சிப் போதனாசிரியர் ஒருவர் தரும் பதில்கள் இவை.

பாலையூற்று, தாய் ஒருவர்: சேர், மகனுக்கு ஓ.எல்லில் கணிதம் சித்தியில்லை. இனி அவனுக்கு என்ன வழி?

இரண்டு வழி இருக்கிறது அம்மா. ஒன்று பாடசாலைக்குள்ளேயே. 2017இல் தொடங்கிய 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தின் கீழ், சாதாரண தரப் பெறுபேறு எதுவாக இருந்தாலும் தரம் 12இல் தொழிற்பாடத்துறையில் சேரலாம். எல்லாப் பாடசாலையிலும் இது இல்லை. எங்கே இருக்கிறது என்பதை வலயக் கல்விப் பணிமனையில் கேளுங்கள்.

மற்ற வழி நேரே தொழிற்பயிற்சிக்குப் போவது: தொழிற்பயிற்சி அதிகார சபை நிலையங்கள், நைட்டாவின் (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை) பயிலுநர் திட்டம், தொழில்நுட்பக் கல்லூரி. எங்கே சேர்ந்தாலும் கடைசியில் கையில் வர வேண்டியது என்.வி.கியூ, அதாவது தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ். அதில் 7 மட்டங்கள். 4 வரை கைத்தொழிலாளர் தரம், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். மட்டம் 3 என்றால் ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்யத் தெரியும் என்று அர்த்தம். 4 என்றால் தனியாகப் பொறுப்பெடுத்துச் செய்யலாம்.

கணிதச் சித்தி கேட்காத பாடநெறிகள் உண்டு. கணிதமே கேட்காத தொழில் கிடையாது. பயப்பட வேண்டாம், தேவையானது கொஞ்சம்தான்: பின்னம், தசமம், விகிதம், பரப்பளவு, பைதகரசு. மேசன் மூலையைச் சதுரம் பார்க்க 3 அடி, 4 அடி, 5 அடி அளக்கிறாரே, அது பைதகரசுதான். 1,500 வாற்றுச் சுடுநீர்க் கருவி 230 வோல்ற்றில் எத்தனை அம்பியர் எடுக்கும் என்பது ஒரு பிரித்தல் கணக்கு: ஏறத்தாழ 6.5. பட்டறையில் "மூன்று நூல்" ஆணி கேட்டால் அது 3/8 அங்குலம், மில்லிமீற்றரில் 9.5. சேர்வதற்கு முன் இருக்கும் மாதங்களில் இவ்வளவையும் வீட்டிலிருந்தே பழக வையுங்கள்.

அன்புவழிபுரம்: தொழிற்பயிற்சி நிலையம், நைட்டா, தொழில்நுட்பக் கல்லூரி, இந்த மூன்றில் எது நல்லது?

பெயரை வைத்துச் சொல்ல முடியாது தம்பி. சேருகிற பாடநெறியின் பட்டறையை ஒரு வேலைநாளில் போய்ப் பாருங்கள். விளக்கக் கையேட்டில் இல்லாத செய்தி அங்கே கிடக்கும். முதலில் கழிவுத் தொட்டியை எட்டிப் பாருங்கள். வெல்டிங் பட்டறையில் பிள்ளைகள் ஒட்டி, வெட்டி, வளைத்துப் போட்ட தகட்டுத் துண்டுகள் நிறைந்திருந்தால் அங்கே படிப்பு நடக்கிறது. தொட்டி சுத்தமாக இருந்தால் பலகையில் படம் கீறித்தான் பாடம் நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, ஒரு இயந்திரத்துக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இருபது பேருக்கு மூன்று வெல்டிங் இயந்திரம் என்றால் ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு மணித்தியாலமும் கிடைக்காது. லேத் (கடைசல்) இயந்திரத்தில் துண்டைப் பிடிக்கும் சக்கில் துரு பிடித்திருந்தால் அது ஓடவில்லை. பழைய மாணவர் ஒருவரைப் பிடித்து, "கிழமைக்கு எத்தனை நாள் கையில் வேலை தந்தார்கள்?" என்று கேளுங்கள்.

நைட்டா பயிலுநர் திட்டத்தில் பெரும்பகுதி வேலைத்தளத்திலேயே போகும். அங்கே நிறுவகத்தின் பெயரை விட, எந்தக் கராச்சில், எந்த மேசன் கையில் போய்ச் சேருகிறீர்கள் என்பதே தலையெழுத்து.

நிலாவெளி, தந்தை ஒருவர்: தனியார் நிறுவனம் ஒன்று பெரிய தொகை வாங்கிக்கொண்டு ஆறு மாதத்தில் "சர்வதேச டிப்ளோமா" தருவதாகச் சொல்கிறது. நம்பலாமா?

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகப் பாருங்கள் ஐயா. நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்பது ஒன்று. நீங்கள் சேரும் அதே பாடநெறி அங்கே தரச்சான்று பெற்றிருக்கிறதா என்பது இன்னொன்று. நிறுவனம் பதிவாகியிருந்தும் பாடநெறிக்குத் தரச்சான்று இல்லாவிட்டால் என்.வி.கியூ கிடைக்காது. பெற்றோர் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சுவரில் மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழைக் காட்டுவார்கள். பாடநெறியின் பெயரும் மட்டமும் அதில் இருக்காது. ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பாருங்கள், அல்லது நேரே கேளுங்கள். ஆறு மாதத்தில் டிப்ளோமா என்பதே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும்.

மூதூர், பயிலுநர்: வெல்டிங் மட்டம் 3 படிக்கிறேன். நிலைக்குத்து ஒட்டில் கசடு (ஒட்டின் மேல் படியும் கழிவு) உள்ளே சிக்குகிறது, ஓரத்தில் குழி விழுகிறது. ஒட்டிய துண்டை வளைத்துப் பார்க்கும் வளைவுச் சோதனையில் வெடிக்கிறது.

மூன்றும் வேறுவேறு நோய் தம்பி, ஒரே மருந்து போதாது.

கசடு சிக்குவது மின்னோட்டம் குறைவு, அல்லது முந்திய ஓட்டத்தை (முன்பு போட்ட ஒட்டு அடுக்கை) சரியாகத் துப்புரவாக்காதது, அல்லது வி வெட்டு ஒடுங்கியிருப்பது. 6 மி.மீ. தகட்டுக்கு வி கோணம் மொத்தமாக 60 முதல் 70 பாகை, அடி முகம் (விளிம்பின் அடியில் சரிக்காமல் விடும் பகுதி) 1 முதல் 2 மி.மீ., அடி இடைவெளி 2 முதல் 3 மி.மீ. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கசடு உடைக்கும் சுத்தியலோடு நிறுத்தாமல், கம்பித் தூரிகையால் உலோகம் மின்னும்வரை தேய்க்க வேண்டும்.

ஓரத்தில் குழி விழுவது மின்னோட்டம் கூடியதால், வில் நீண்டதால், அல்லது பக்கங்களில் நிற்காமல் ஓடுவதால். 3.2 மி.மீ. ஈ6013 வகை ஒட்டுக்கம்பிக்குத் தட்டையில் 90 முதல் 130 அம்பியர் வரை போகலாம். நிலைக்குத்தில் மேல்நோக்கி ஒட்டும்போது தட்டையில் வைத்ததிலும் 10 முதல் 15 வீதம் குறையுங்கள். இடது ஓரத்தில் ஒரு கணம், வலது ஓரத்தில் ஒரு கணம் நின்று, நடுவை வேகமாகக் கடக்க வேண்டும். நடுவில் நின்றால் உலோகம் வழியும்.

வளைவில் வெடிப்பதற்குப் பெரும்பாலும் அடி ஓட்டம் முழுதாக ஊடுருவாததே காரணம். தகட்டைத் திருப்பி, மறுபக்கத்தில் ஒரே சீரான மெல்லிய மேடு தெரிகிறதா என்று பாருங்கள். இடைவெளி இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒட்ட ஒட்ட அது சுருங்கும், ஆகவே முடிக்கும் பக்கத்தை அரை மில்லிமீற்றர் கூடத் திறந்து டாக் (தகடுகளைப் பிடித்துவைக்கும் சின்ன ஒட்டு) போடுங்கள்.

சின்னத் துளைகள் வந்தால் துரு, பெயின்ற், அல்லது ஈரக் கம்பி. நம் கடற்காற்றில் திறந்து வைத்த பெட்டி சீக்கிரம் ஈரம் பிடிக்கும். ஈ7018 வகையை 300 முதல் 350 பாகை செல்சியசில் ஒரு மணித்தியாலமாவது அடுப்பில் உலர்த்தித்தான் பாவிக்க வேண்டும். ஈ6013ஐ அப்படிச் சுட்டால் கெட்டுவிடும்; 100 பாகை அளவு போதும். முகமூடிக் கண்ணாடி 10 அல்லது 11ஆம் எண்.

கிண்ணியா: வாப்பா இருபது வருடமாகக் கேற்றும் கிரிலும் செய்கிறார். கையில் எந்தச் சான்றிதழும் இல்லை. இந்த வயதில் வகுப்புக்குப் போக வேண்டுமா?

தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் நைட்டா ஊடாக விண்ணப்பிக்கலாம். செய்த வேலைகளின் படங்கள், வாடிக்கையாளரோ முதலாளியோ எழுதித் தந்த கடிதங்கள், வியாபாரப் பதிவு இருந்தால் அதுவும் ஒரு கோவையில் சேருங்கள். முதலில் நேர்முகத்தில் கோவையைப் பார்ப்பார்கள், பிறகு செய்முறை மதிப்பீடு. தேர்ச்சி நியமத்தின் அலகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, "தேர்ச்சி" அல்லது "இன்னும் தேர்ச்சியில்லை" என்று குறிப்பார்கள். கேற் மட்டுமே செய்தவர்கள் இடறுவது வரைபடம் வாசிப்பதிலும் வெல்டிங் குறியீட்டிலும் பாதுகாப்புக் கேள்வியிலும்தான். கைவேலையில் யாரும் இடறுவதில்லை. வாப்பாவோடு உட்கார்ந்து அந்த மூன்றையும் நீங்களே இரண்டு கிழமை பழக்கிவிடலாம்.

குச்சவெளி: மகனுக்குப் படகின் வெளியிணைப்பு இயந்திரம் (அவுட்போர்ட் மோட்டார்) திருத்துவதில் ஆசை. இது தொழிலாகுமா? எதைப் படிக்க வேண்டும்?

குச்சவெளியிலிருந்து கொட்பே துறைமுகம் வரை கரையில் நிற்கும் படகுகளைப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? படிப்புக்கு இலங்கை சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை நிலையத்தில் விசாரியுங்கள். தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் கேட்டுப் பாருங்கள். மோட்டார்சைக்கிள் கராச் வேலை தெரிந்தவனுக்கும் இங்கே புதிதாகக் கற்க நிறைய இருக்கிறது, ஏனென்றால் எதிரி உப்பு.

இயந்திரம் ஓடும்போது பின்னால் சின்னத் துளையால் நீர் பீறிட வேண்டும். பீறாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும்: நீர்ப் பம்பியின் றப்பர்ச் சுழலி தேய்ந்திருக்கும், அல்லது பாதையில் உப்பும் மணலும் அடைத்திருக்கும். கரையில் நீரில்லாமல் "ஒருக்கா ஸ்ரார்ட் பண்ணிப் பார்ப்போம்" என்று ஓட்டினால் சில செக்கனிலேயே றப்பர் கருகத் தொடங்கும். ஒவ்வொரு நாள் தொழில் முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஓட்டிக் கழுவ வேண்டும்.

கியர் எண்ணெய் பால் நிறமானால் உள்ளே நீர் போயிருக்கிறது. சீலை மாற்றுவதோடு விட்டால் அடுத்த மாதமும் அதே கதை. விசிறியைக் கழற்றித் தண்டைப் பாருங்கள். தங்கூசி நூல் சுற்றிக்கொண்டு சீலின் உதட்டை அறுத்திருக்கும். நூலை எடுக்காமல் புதுச் சீல் போடுவது காசைக் கடலில் கொட்டுவதுதான்.

ஈரடிப்பு இயந்திரத்தில் பெற்றோல் எண்ணெய்க் கலவை பெரும்பாலும் 50க்கு 1, அதாவது 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர். குறைந்தால் பிஸ்டன் இறுகும். கூடினால் பிளக் கரிபிடிக்கும். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தை நிறுத்த முன் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேற்றரில் மண்ணெண்ணெய் தேங்கி, காலையில் கயிறு இழுத்துக் கை ஓய்ந்துவிடும். உப்பு அரிப்பைத் தான் வாங்கி இயந்திரத்தைக் காக்கும் நாகத் (துத்தநாகத்) துண்டு பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும், அதன் மேல் பெயின்ற் பூசக் கூடாது. பெயின்ற் பூசினால் அது வேலை செய்யாமல் வெறுமனே தொங்கும், உப்பு உடம்பைத் தின்னும்.

உப்புவெளி, மாணவி: பெண்பிள்ளைக்குப் பொருத்தமான தொழில்நுட்பப் பாடநெறி எது?

தங்கச்சி, பட்டறை கேட்பது கையின் நிதானத்தை. ஆண் பெண் கேட்பதில்லை. போக்குவரத்தும் வேலைநேரமும் உண்மையான தடைகள், அவற்றை வைத்து யோசியுங்கள். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் குளிரூட்டி பராமரிப்புக்கு ஆள் தேவை. பருவம் ஏறத்தாழ சித்திரையிலிருந்து புரட்டாதி வரை, மழைக்காலத்தில்தான் பெரிய பராமரிப்பு வேலை. படவரைஞர் பாடநெறி என்றால் கணினியில் கோடு கீறுவது எளிது. மில்லிமீற்றரில் கீறி 1:100இல் அச்சிட்டால் 3.6 மீற்றர் அறை தாளில் 36 மி.மீ. வர வேண்டும், அளவுகோல் வைத்துப் பார்க்கும் பழக்கம்தான் பலருக்கு வருவதில்லை. கட்டுமானத் தளத்துக்குப் போகாத படவரைஞர் கதவைத் தூணுக்குள் திறக்க வைப்பார்.

தம்பலகாமம், தொழினுட்பப் பாட ஆசிரியர்: பத்தாம், பதினோராம் தரத்தில் பிள்ளைகளைத் தயார்படுத்த, குறைந்த செலவில் என்ன செய்முறை தரலாம்?

இரண்டு போதும் சேர், ஆனால் திரும்பத் திரும்ப.

ஒன்று அரம். 6 மி.மீ. மென்னுருக்குத் தகட்டில் 50க்கு 50 மி.மீ. சதுரம். கீறு ஊசியால் கீறி, வாளால் 1 மி.மீ. விட்டு வெட்டி, அரத்தால் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வாள் அலகு அங்குலத்துக்கு 18 பல், பல் முன்னோக்கி. மெல்லிய குழாய்க்கு 32 பல். வெட்டும் இடத்தில் எப்போதும் மூன்று பல்லாவது பட வேண்டும், இல்லாவிட்டால் பல் உடையும். வைஸின் வாய் பிள்ளையின் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். உயர்ந்திருந்தால் அரம் ஊஞ்சலாடும், விளிம்பு நடுவில் மேடாகும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பிள்ளைக்கே தெரியும். முதல் துண்டில் 0.5 மி.மீ. பிழையை ஏற்றுக்கொள்ளுங்கள், நாலாவது துண்டில் 0.2.

மற்றது வயரிங் பலகை. 4 அடிக்கு 2 அடி ஒட்டுப்பலகையில் படிக்கட்டு விளக்கின் இருவழிச் சுற்றும் ஒரு 13 அம்பியர் பிளக் தளமும். விளக்குக்கு 1/1.13 வயர் (1.13 மி.மீ. இழை ஒன்று), பிளக்குக்கு 7/0.67 (0.67 மி.மீ. இழை ஏழு). பிள்ளைகள் பிழைவிடும் இடங்கள்: ஆளி உயிர்க்கம்பியில் இல்லாமல் நடுநிலையில் வருவது (விளக்கு அணையும், ஹோல்டர் உயிரோடு இருக்கும்), ஆணிக்கடியில் காப்பு நசிவது, செம்பு அளவுக்கு மிஞ்சி வெளியே நிற்பது. மின் கொடுக்க முன் தொடர்ச்சிச் சோதனை, பிறகு 500 வோல்ற்றில் காப்புத் தடைச் சோதனை. 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. 230 வோல்ற் நீங்கள் நிற்கும்போது மட்டும், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச்சுக்குப் பின்னால். வசதி இல்லையென்றால் 12 வோல்ற் பற்றரியும் விளக்கும் போதும். சுற்றுப் பிழைகள் அதிலும் அப்படியே தெரியும்.

சம்பூர்: வேலைத்தளப் பயிற்சியில் தேநீர் வாங்கவும் கூட்டிப் பெருக்கவும்தான் விடுகிறார்கள்.

முதல் இரண்டு கிழமை பொறுங்கள், ஆளைப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகும் அதே நிலை என்றால், பயிற்சிப் பதிவேட்டைத் திறந்து, எந்தெந்த அலகு இன்னும் செய்யவில்லை என்று மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். சண்டை வேண்டாம், "இந்த அலகுக்கு உங்கள் கையெழுத்து வேண்டும் அண்ணா" என்று கேட்டால் போதும். அதுவும் நடக்காவிட்டால் உங்கள் பயிற்சி நிலையத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். இடம் மாற்ற அவர்களால் முடியும். கடைசி மாதத்தில் பதிவேட்டைக் கற்பனையால் நிரப்பினால் மதிப்பீட்டாளர் இரண்டு கேள்வியில் பிடித்துவிடுவார்.

கன்னியா: ஏ.எல் தொழினுட்பப் பிரிவா, நேரே என்.வி.கியூவா?

பட்டம் வரை போகும் விருப்பமும் வீட்டில் அதற்கான பொறுமையும் இருந்தால் தொழினுட்பப் பிரிவு: பொறியியற் தொழினுட்பம் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பம், அதோடு தொழினுட்பத்துக்கான விஞ்ஞானம், மூன்றாவதாக இன்னொரு பாடம். சீக்கிரம் சம்பாதிக்க வேண்டுமென்றால் என்.வி.கியூ 4. அங்கிருந்தும் 5, 6 என்று ஏறி, இரத்மலானையில் உள்ள தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் வரை கதவு மூடப்படவில்லை. இடையில் ஆங்கிலத்தை விட்டுவிடாதீர்கள், கையேடும் வரைபடமும் அதில்தான் வரும். சீனக்குடாவின் ஆலைகளில் வேலைக்குப் போவதென்றால் பேச்சுச் சிங்களமும் உதவும்.

பாலையூற்று, அதே தாய்: வயரிங்கில் சேர்ப்பதென்று முடிவெடுத்தோம். முதலில் என்ன ஆயுதம் வாங்கிக் கொடுப்பது?

பெரிய பெட்டி வேண்டாம் அம்மா. காப்பிட்ட கைபிடியுள்ள இடுக்கி ஒன்று, வயர் உரிக்கும் கருவி ஒன்று, தட்டையும் நட்சத்திரமுமாக இரண்டு திருகாணிச் செலுத்தி, 5 மீற்றர் அளவுநாடா, நடுத்தர விலையில் ஒரு மல்ரிமீற்றர். கழுத்தில் தொங்கும் ரெஸ்ரரை மட்டும் நம்பி "மின் இல்லை" என்று முடிவெடுக்கக் கூடாது. மீற்றரை முதலில் மின் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில், மறுபடி மின் இருக்கும் இடத்தில். துளையிடும் இயந்திரத்தை முதற் சம்பளத்தில் அவரே வாங்கட்டும்.