ஜன்னல் சீட் எந்தப் பக்கம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், நானும் வீட்டுக்காரரும் இப்பதான் ரிட்டயர்டு ஆனோம். கொங்கன் ரயில்ல போகணும்னு ரொம்ப நாள் ஆசை. பையன் என்ன சொல்றான்னா, மும்பைக்கு ஃப்ளைட்ல போயிட்டு அங்கருந்து ரயில்ல திரும்பி வாங்கங்கறான். அப்படி வர்றது நல்லதா இல்ல மங்களூர்ல ஏறி மும்பை போறது நல்லதா? எந்த மாசம் போகலாம்? கடல் எந்தப் பக்கம் தெரியும்னு சொன்னா அந்தப் பக்கமா சீட் போட்டுக்குவோம்.
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கடல்லருந்தே ஆரம்பிக்கிறேன்மா, ஏன்னா நிறைய பேரு இதுலதான் ஏமாந்துட்டு வர்றாங்க. கொங்கன் ரயில்னா கடலை ஒட்டியே போகும்னு ஒரு நினைப்பு இருக்கு. ரோஹாவுல ஆரம்பிச்சு மங்களூர் பக்கத்துல தோக்கூர் வரைக்கும் 741 கிலோமீட்டர், அதுல கடல் கண்ணுல படுறது ரொம்பக் கொஞ்சம். லைன் மலைக்கும் கடலுக்கும் நடுவுல நல்லா உள்ள தள்ளி ஓடுது, மேற்குத் தொடர்ச்சி மலைலருந்து இறங்கி வர்ற ஒவ்வொரு ஆத்தையும் குறுக்க தாண்டணும், நடுவுல நீட்டிக்கிட்டு நிக்கிற ஒவ்வொரு குன்றையும் குடைஞ்சுதான் போகணும், அதனாலதான் 90க்கு மேல சுரங்கம், சின்னதும் பெருசுமா 2000 பாலத்துக்கு கிட்ட. இன்ஜினியர் ஸ்ரீதரன் தலைமையில கட்டி 1998 ஜனவரியில முழு லைனும் திறந்தாங்க. நீங்க பார்க்கப் போறது ஆறும் மலையும்தான், அதுக்கு ஏத்த மாதிரி பிளான் பண்ணா மனசு நிறைஞ்சு திரும்புவீங்க.

இப்ப திசை. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி டைம்டேபிளை எடுத்து வச்சுக்கிட்டு எந்த ஸ்டேஷன் எத்தனை மணிக்கு வருதுன்னு ஒவ்வொண்ணா பாருங்க, நல்ல இடமெல்லாம் பகல்ல வரணும், ஊர் ஓரத்து பில்டிங் எல்லாம் இருட்டுல போனா போகட்டும். இந்தக் கணக்குல பார்த்தா நான் மங்களூர்லருந்து மேல போறதுதான் பெஸ்ட்னு சொல்வேன், உங்க பையன் சொல்ற மாதிரி வர்றது எனக்கு ரெண்டாவது சாய்ஸ்தான்.

ஏன்னு சொல்றேன். கோவையில ராத்திரி வெஸ்ட் கோஸ்ட் எக்ஸ்பிரஸ் ஏறினா விடியக்காலைல மங்களூர் சென்ட்ரல். அங்கருந்து காலைல கோவாவுல இருக்கிற மட்கான் போற வந்தே பாரத் இருக்கு, மத்தியானத்துக்குள்ள கோவா. கர்நாடகா கடற்கரை மாவட்டம் மொத்தமும் காலை வெயில்ல வரும், உடுப்பி தாண்டி ஹொன்னாவர்ல சராவதி ஆத்து மேல ரெண்டு கிலோமீட்டருக்கு மேல ஒரே பாலம், அப்புறம் அகநாசினி, கங்காவளி, கார்வார்ல காளி நதினு ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கும். இந்த ஆறுங்க எல்லாம் கடல்ல சேர்ற இடத்துக்கு பக்கத்துலதான் லைன் தாண்டுது, அதனால நல்லா அகலமா விரிஞ்சு கிடக்கும், ரெண்டு கரையிலயும் தென்னை. இங்க இடது பக்கம் உட்காருங்க, அதான் முகத்துவாரம் இருக்கிற பக்கம், காலைல சூரியன் வலது பக்கம் இருக்கிறதால கண்ணும் கூசாது.

அன்னிக்கு கோவாவுல தங்கிடுங்க. ஒரே மூச்சா போகணும்னு நினைக்காதீங்க, போனா பாதி வழி ராத்திரில போயிடும். மத்ஸ்யகந்தா, நேத்ராவதி மாதிரி நல்ல நல்ல வண்டிங்க இருக்கு, ஆனா அதுல எந்தப் பக்கம் போனாலும் லைன்ல ஒரு துண்டு இருட்டுலதான் வரும். மறுநாள் காலைல மட்கான்ல மாண்டவி எக்ஸ்பிரஸ். மொத்த லைன்லயும் எனக்கு மனசுக்கு நெருக்கமான வண்டி இதுதான், முழுக்க பகல் வண்டி, சாப்பாட்டுக்கும் பேர் போனது, வடையும் சூப்பும் பிரியாணியும்னு ஏதாவது ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கும், கட்டுச்சோறு எதுவும் தூக்கிட்டுப் போகாதீங்க. கிளம்பின கொஞ்ச நேரத்துல ஜுவாரி ஆறு, கர்மாலி ஸ்டேஷனை ஒட்டி ஒரு ஏரி, அதுல பறவைங்க, அதுக்கப்புறம் மாண்டவி ஆறு. மத்தியானம் ரத்னகிரி. அதுக்குப் பக்கத்துலதான் பன்வல் நதி பாலம், 64 மீட்டர் உயரம், தூண் அவ்ளோ உசரமா நிக்குது, வண்டி மேல போறப்ப கீழ மரமெல்லாம் பாசி மாதிரி தெரியும். ரத்னகிரி தாண்டினதும் ஆறரை கிலோமீட்டர் நீள கர்புடே சுரங்கம். அங்கருந்து சிப்லுன், கேட் (Khed) ஸ்டேஷன் வரைக்கும் மலை கிட்ட கிட்ட வந்துக்கிட்டே இருக்கும், இந்த பகுதியில கண்டிப்பா வலது பக்கம் உட்காருங்க. மத்தியானத்துக்கு மேல சூரியன் இடது பக்கம் போயிடும், வெளிச்சம் நேரா மலை மேல விழும், ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியா தெரியும். இருட்டு கட்டறப்போ ரோஹா, பன்வேல் பக்கம் வந்துருப்பீங்க, அதுக்கு மேல பார்க்க ஒண்ணும் இல்ல.

இதே மாண்டவி மும்பைலருந்து காலைல ஏழு மணி சுமாருக்கு கிளம்பி வருது, அதுலயும் நடு வழி பகல்லதான் வரும், தப்பில்ல. ஆனா டிசம்பர்ல ஆறு மணிக்கெல்லாம் சூரியன் போயிடும், சாவந்த்வாடி தாண்டி கோவா ஆறுங்க எல்லாம் இருட்டுல போயிடும், அதான் எனக்கு மனசு வரல.

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு. கண்ணாடிக் கூரை போட்ட விஸ்டாடோம் பெட்டியில போகணும்னு ஆசைப்பட்டா ஜன சதாப்தியில மும்பைலருந்து கோவா வர்ற திசையில மட்டும் போங்க. அது விடியக்காலைல கிளம்பி மத்தியானம் மட்கான் வந்துரும், வழி பூரா வெளிச்சம். திரும்பிப் போறது மத்தியானத்துக்கு மேலதான் கிளம்புது, மழை சீசன் முடிஞ்ச மாசங்கள்ல ரத்னகிரி வர்றதுக்குள்ள இருட்டிடும், அவ்ளோ காசு குடுத்து கண்ணாடி வழியா இருட்டைப் பார்க்கணுமா?

மாசம்னு கேட்டா செப்டம்பர் கடைசியும் அக்டோபரும்தான். மழை ஓய்ஞ்சிருக்கும், ஆனா அருவி இன்னும் வத்தியிருக்காது, செம்மண் மேட்டு மேல புல் பச்சையாவே நிக்கும், வயல்ல நெல் இருக்கும். மார்ச்சுக்கு மேல அதே மேடெல்லாம் காய்ஞ்சு பழுப்பா கிடக்கும், ஹாபூஸ் மாம்பழத்துக்காக வேணா ஏப்ரல் மே போகலாம், காட்சிக்காக போகாதீங்க. விநாயகர் சதுர்த்தியை ஒட்டின நாட்களை விட்ருங்க, மும்பையில வேலை பாக்குற கொங்கன் ஜனங்க மொத்தமும் ஊருக்குப் போற நேரம் அது, அவங்களுக்கே சீட் பத்தாது. ரிசர்வேஷன் இப்ப 60 நாள் முன்னாடிதான் திறக்குது, திறக்கிற அன்னிக்கு காலைலயே போட்ருங்க.

கேள்வி: கொங்கன் லைன்ல ஜூலைல போனாதான் அருவியெல்லாம் முழுசா இருக்கும்னு ஃபிரெண்ட்ஸ் கூப்பிடறாங்க, மண்சரிவு ஆகும்னு அம்மா பயப்படறாங்க. போகலாமா சார்?
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: அம்மா பயப்படறதுல நியாயம் இருக்கு தம்பி. 2024 ஜூலை 14ஆம் தேதி ரத்னகிரி மாவட்டத்துல மண் சரிஞ்சு லைன் அடைச்சுக்கிட்டு ஒரு நாள் பூரா வண்டி ஓடல. மழைக்காலத்துக்குன்னே அங்க தனி டைம்டேபிள் உண்டு, வேகத்தைக் குறைச்சு ஓட்டுவாங்க, லைன் மேல ராப்பகலா ஆள் நடந்து பார்ப்பாங்க, அதனால ஆபத்தை விட லேட்டாகுறதுதான் அதிகம். போங்க, ஆனா போய்ச் சேர்ற அன்னிக்கே கனெக்‌ஷன் ஃப்ளைட்டோ எக்ஸாமோ வச்சுக்காதீங்க, ஒரு நாள் சும்மா விட்டு வைங்க. ஏசி பெட்டி வேண்டாம், கண்ணாடியில தண்ணி வழிஞ்சா ஒண்ணும் தெரியாது, ஸ்லீப்பர்ல சைடு லோயர் கிடைச்சா அதுதான் ராஜா சீட். கதவுல நின்னு ரீல்ஸ் எடுக்கிற வேலை மட்டும் கூடவே கூடாது, சுரங்கத்து சுவர் எவ்ளோ கிட்ட வருதுன்னு வெளிச்சத்துல நின்னுக்கிட்டு உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: சென்னை எழும்பூர்லருந்து கொல்லம் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்ருக்கேன். பதிமூணு கண்ணு பாலம் எத்தனை மணிக்கு வரும், அலாரம் வச்சு எந்திரிக்கணும்.
— வாசகர், தாம்பரம்

பதில்: அலாரம் வச்சும் பிரயோஜனம் இல்ல சார், அந்த வண்டி செங்கோட்டை தாண்டி மலை ஏறுற நேரம் விடியறதுக்கு முன்னாடி. கொல்லத்துக்கு எப்படியோ போய்ச் சேருங்க, திரும்பி வர்ற வண்டியிலதான் நீங்க கேக்குற காட்சி இருக்கு. அது கொல்லத்துல மத்தியானம் கிளம்புது, புனலூர்லருந்து செங்கோட்டை வரைக்கும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர், அதுக்கு ரெண்டு மணி நேரம் எடுத்துக்கும், அவ்ளோ மெதுவா வளைஞ்சு வளைஞ்சு ஏறும், முழுக்க பகல். 1904ல மீட்டர் கேஜ்ல போட்ட லைன் இது, அகலப்பாதையா மாத்தி 2018லதான் மறுபடி திறந்தாங்க, பாலம் அந்தக் காலத்துக் கல் பாலமேதான், பலப்படுத்தி வச்சிருக்காங்க. பாலத்து மேல இருக்கிறப்போ கீழ இருக்கிற வளைவுங்க, அதான் அந்தப் பதிமூணு கண்ணு, எதுவும் தெரியாது, முழுசா பார்க்கணும்னா இன்னொரு நாள் கீழ ரோட்டுல நின்னு பாருங்க.

இந்த திசையில இன்னொரு சந்தோஷம் இருக்கு. ஜூன் ஜூலைல கேரளா பக்கம் கொட்டுற மழைல காட்டுக்குள்ள ஏறி வந்து, ஆரியங்காவு சுரங்கத்துக்குள்ள நுழைஞ்சு இந்தப் பக்கம் வெளிய வந்தா மழை சாரலா மாறியிருக்கும், கொஞ்ச தூரத்துல வயலும் வெயிலும். எதிர் திசையில பகல்ல போகணும்னா மதுரைலருந்து கிளம்புற குருவாயூர் வண்டி இருக்கு, அது சாயங்காலம்தான் மலை ஏறுது, மழை மேகம் கட்டுன நாள்ல சீக்கிரம் இருட்டிடும். கொல்லத்துல ஏறுறதுக்கு முன்னாடி மத்தியானச் சாப்பாடு வாங்கிக்கோங்க, மலை ஏறுற அந்த ரெண்டு மணி நேரத்துல பெருசா எதுவும் கிடைக்காது.