வாசகர் கேள்வி–பதில்: பணம் கைமாறும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்

(இந்த மாதம் வாசகர்களுக்குப் பதில் சொல்பவர் பாளையங்கோட்டையில் வசிக்கும் சிறுகதை எழுத்தாளர். அஞ்சலகக் கவுன்ட்டரில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

பஸ்ஸில் கதை கிடைத்தது, சந்தையில் கதை கிடைத்தது என்று எழுத்தாளர்கள் பேட்டி கொடுக்கிறார்கள். நானும் தினமும் டவுன் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். சனிக்கிழமை தவறாமல் சந்தைக்கும் போகிறேன். எனக்கு மட்டும் ஏன் எதுவும் சிக்குவதில்லை?
— வாசகி, கோவில்பட்டி

எல்லாம் உங்கள் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. எங்கே கண்ணை நிறுத்துவது என்பதுதான் பிடிபடவில்லை. கூட்டத்தை மொத்தமாகப் பார்த்தால் கூட்டம் மட்டும்தான் தெரியும். நான் யாருக்கும் முதலில் சொல்வது ஒன்றுதான்: பணம் கைமாறும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார், கொடுக்கிறவர் கை எந்த இடத்தில் ஒரு நொடி நிற்கிறது என்று பாருங்கள்.

இதைக் கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். மணியார்டர் படிவத்தைக் கையால் நிரப்பிய காலம் அது. கமிஷன் 20 ரூபாய்க்கு ஒரு ரூபாய். கட்டட வேலைக்கு வந்தவர் ஒருவர் 500 ரூபாய் என்று படிவத்தில் எழுதிக்கொண்டு வந்து நிற்பார். கையில் இருப்பதும் சரியாக 500தான். கமிஷன் 25 ரூபாய் தனி என்று சொன்னதும் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஓரமாகப் போவார். புதுப் படிவம் வாங்கி 475 என்று எழுதிக்கொண்டு வருவார். அதற்குக் கமிஷன் 24. மீதி ஒரு ரூபாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். படிவத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். பணத்தோடு நாலு வரி எழுதி அனுப்பலாம். போஸ்ட்மேன் அதைக் கிழித்து வாங்குகிறவரிடம் கொடுப்பார். முதல் படிவத்தில் சும்மா விட்டிருந்த அந்தக் கட்டத்தில் இரண்டாவது படிவத்தில் நெடுநேரம் எழுதியிருப்பார். அதை நான் படித்ததில்லை. படிப்பது முறையும் இல்லை. ஆனால் 25 ரூபாய் குறைந்ததற்கு அத்தனை வரி எழுத வேண்டியிருந்ததென்றால், ஊரில் அந்தப் பணத்தை எண்ணிப் பார்க்கப்போவது யார்? அப்பாவா, மனைவியா, கடன் கொடுத்தவரா? அந்தக் கேள்வி வந்துவிட்டால் கதைக்கு முதல் வரி வந்தாயிற்று. 2015இல் அந்தப் பழைய மணியார்டர் முறையே நின்றுபோனது. மின் மணியார்டரில் ஆயத்த வாசகங்களில் ஒன்றுக்கு எண் போட்டால் போதும். அந்தக் கட்டம் போனதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

இனி உங்கள் டவுன் பஸ்ஸுக்கு வருகிறேன். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. பணமே கைமாறாத இடத்தில் என்ன பார்ப்பது என்று கேட்பீர்கள். முன்பு அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். "பஸ்ஸுக்கு இருவது ரூவா தாங்க" என்று வீட்டில் கேட்க வேண்டும். எதற்கு, எங்கே, எப்போது திரும்புவாய் என்று மூன்று கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகுதான் அந்த இருபது ரூபாய் வரும். இப்போது கேட்க வேண்டியதில்லை. காலை பதினோரு மணிக்கு ஜங்ஷனிலிருந்து வரும் பஸ்ஸில், கையில் பையோ குழந்தையோ இல்லாமல், ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிற நாற்பது வயதுப் பெண்ணைப் பாருங்கள். அவள் எங்கே போய் வருகிறாள் என்று வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. அக்கா வீட்டுக்கா, பழைய சிநேகிதியைப் பார்க்கவா, ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கவா? இதில் ஒன்றல்ல, பத்துக் கதை இருக்கிறது. நீங்களே அந்த பஸ்ஸில் தினமும் போகிறவர். உங்களைவிட நன்றாக இதை யார் எழுத முடியும்?

சந்தை விஷயம் சுருக்கமாக. எங்கள் ஊரில் நான் போவது மகாராஜநகர் உழவர் சந்தை. மதுரை அண்ணாநகரில் 1999 நவம்பரில் முதல் உழவர் சந்தை தொடங்கியபோதிலிருந்து இந்தச் சந்தைகளில் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். ஆகவே பேரத்தில் கதை தேடாதீர்கள். கொசுறில் தேடுங்கள். கொசுறு எந்தப் பலகையிலும் எழுதப்படாதது. ஒருவருக்குக் கேட்காமலே ஒரு கைப்பிடி கறிவேப்பிலை பையில் விழுகிறது. அடுத்தவர் கேட்டும் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வாருங்கள்.

குடும்பத்தோடு கொடைக்கானல் போய் வந்தேன். கதை எழுத வேண்டும் என்ற ஆசையில்தான் போனேன். எழுத உட்கார்ந்தால் பனி, ஏரி, மேகம் என்று வர்ணனையாகவே வருகிறது. ஆள் ஒருவர்கூட வர மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?
— வாசகர், திண்டுக்கல்

வர்ணனையை எழுதி முடித்துவிடுங்கள். மூன்று பக்கம் வந்தால் வரட்டும், அது முதலில் வெளியேற வேண்டியது. பிறகு அதை எடுத்து வைத்துவிட்டு, அந்த மலையில் பிழைக்கிறவர்களை யோசியுங்கள். ஏரியைச் சுற்றிக் குதிரை கூட்டிக்கொண்டு நடக்கிறவரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அவர் உங்களிடம் பேசியிருக்க மாட்டார். உங்கள் பிள்ளையிடம்தான் பேசியிருப்பார். "பாப்பா, ஏறுறியா?" பிள்ளை அப்பா முகத்தைப் பார்க்கும். அப்பாவின் கை பைக்குப் போகும். இந்த மூன்று அசைவையும் ஒரு நாளைக்கு எத்தனை குடும்பத்திடம் அவர் பார்த்திருப்பார்! எந்த அப்பா சம்மதிப்பார், எவர் "அப்புறம் பார்க்கலாம்" என்று நகர்வார் என்று தூரத்திலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த ஆளின் கண் வழியாக உங்கள் குடும்பத்தையே ஒரு தடவை பார்த்து எழுதுங்கள். மழைக்காலத்தில் சுற்றுலா வருகிறவர்கள் குறைந்த பிறகும் குதிரைக்குத் தீனி போட்டாக வேண்டும். அந்த மாதங்களில் அவர் வீட்டில் என்ன நடக்கும் என்பது அடுத்தது.

இன்னொன்று, அங்கே குறிஞ்சி பூப்பது 12 வருடத்துக்கு ஒரு தடவை. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030. பூவின் நீலத்தை வர்ணித்துப் பலர் எழுதியாயிற்று. எனக்கு அந்த மூன்று தேதிகள்தான் முக்கியம். 2006இல் கல்யாணமான புதிதில் வந்த ஒரு தம்பதி, 2018இல் பிள்ளைகளோடு வருகிறது. 2030இல் யார் யாரோடு வருவார்கள்? யார் வர மாட்டார்கள்? காலத்தை எங்கே வெட்டுவது என்று புதிதாக எழுதுகிறவர்கள் திணறுவார்கள். இங்கே மலையே வெட்டிக் கொடுத்திருக்கிறது.

பக்கத்து வீட்டில் ஒரு பெரிய சம்பவம் நடந்தது. பெயரை மாற்றிவிட்டு எழுதலாமா?
— பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்

வேண்டாம். பெயரை மாற்றினாலும் தெருவுக்கே தெரியும். அந்த வீட்டுப் பிள்ளை பத்திரிகையைப் படித்துவிட்டு உங்கள் வாசலைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். சம்பவத்தை விட்டுவிட்டு, அது உங்களுக்குள் எழுப்பிய கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியை வேறு ஊர், வேறு தொழில், வேறு வயது ஆட்களிடம் கொண்டுபோய் வையுங்கள். எழுதி முடித்தபின் அந்த வீட்டார் படித்தால் தங்களைக் கண்டுகொள்வார்களா என்று நேர்மையாக யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால் கிழித்துப் போட வேண்டியதுதான்.

மாமியார் பக்கவாதத்தில் இரண்டு வருடமாகப் படுத்திருக்கிறார்கள். குடும்ப பென்ஷன் வருகிறது. நான்தான் கூட இருந்து பார்க்கிறேன். கோயிலுக்குப் போய்கூட நாளாகிறது. ஊர் சுற்றினால்தான் எழுத முடியும் என்றால் என்னைப் போன்றவர்கள் ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா அம்மா?
— வாசகி, அருப்புக்கோட்டை

விடாதீர்கள் தாயி. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பென்ஷன் என்று போகிற போக்கில் ஒரு சொல் எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே கதை உட்கார்ந்திருக்கிறது.

பென்ஷன்காரர்கள் வருடத்துக்கு ஒரு தடவை தாங்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும். நடமாட முடியாதவர்களுக்காக இப்போது போஸ்ட்மேனே வீட்டுக்கு வருகிறார். கட்டணம் 70 ரூபாய். கையில் போன், கூடவே ஒரு சின்னக் கைரேகைக் கருவி. கட்டில் ஓரம் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்துக் கருவியில் வைக்கிறார். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும், அதனால் சட்டென்று பதியாது. விரலைத் துடைத்து மறுபடி வைப்பார்கள். கட்டை விரல் ஆகாவிட்டால் ஆள்காட்டி விரல். இந்தக் காட்சி உங்கள் வீட்டிலேயே நடந்திருக்கும். நீங்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். அந்தக் கை முன்பு உங்களிடம் எப்படி இருந்தது? வந்த புதிதில் சாவிக்கொத்தை எந்த மடியில் செருகியிருந்தது? இப்போது அந்த விரலை விரித்துக் கொடுப்பது நீங்கள். கருவி "பதிவாகவில்லை" என்று சொல்கிற அந்த அரை நிமிடத்தில் படுத்திருக்கிறவர் கண் யாரைப் பார்த்தது? நான் கேட்பது பதில் வேண்டி அல்ல. நீங்கள் ஒருவர்தான் அதை எழுத முடியும் என்பதற்காகக் கேட்கிறேன்.

வெளியுலகம் உங்கள் வாசலுக்குத் தானாகவும் வருகிறது. சிலிண்டர் கொண்டுவருகிறவர், பில் தொகைக்கு மேல் எவ்வளவு என்ற வாய்விட்டுப் பேசாத பேச்சு, டயாபர் வாங்கி வருகிற மெடிக்கல் ஷாப் பையன், "இன்னைக்கு எப்படி இருக்காக?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போகிற பால்காரர். மாமியார் தூங்குகிற அரை மணி நேரத்தில் அரைப் பக்கம் எழுதுங்கள். நீளம் பற்றிக் கவலை வேண்டாம். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், பத்திரிகை முகவரிக்குப் போட்டால் என்னிடம் வந்து சேரும்.

செய்தியில் வந்த ஒரு நிகழ்ச்சியைக் கதையாக்கும்போது, எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தில் புதிதாக என்ன சொல்ல முடியும்?
— வாசகர், தூத்துக்குடி

உங்கள் மாவட்டத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் நடுவில் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லி அடித்துக்கொண்டு போய்விட்டது. சுமார் 800 பயணிகள். கொஞ்சம் பேரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் ஸ்டேஷனிலேயே மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் வந்தது, மீட்புப் படை வந்தது. அதெல்லாம் டிவியில் பார்த்தோம்.

பக்கத்தில் புதுக்குடி என்று ஒரு ஊர். வெள்ளம் அவர்களையும்தான் சூழ்ந்திருந்தது. அந்த ஊர்க்காரர்கள் இருந்த அரிசி பருப்பைப் போட்டுச் சமைத்து ரயில் ஆட்களுக்குக் கொடுத்தார்கள். இந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும். எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சமைப்பதற்கு முன்னால் ஒரு பேச்சு நடந்திருக்கும் அல்லவா? கடைக்கு லாரி எப்போது வரும் என்று தெரியாது, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். பானைக்குள் கையை விட்டு எத்தனை படி அள்ளுவது, எத்தனை படி மிச்சம் வைப்பது? அதைத் தீர்மானித்தது பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருந்திருக்கும். கதை அந்தப் பானைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

முதல் பதிலில் பணம் கைமாறும் இடத்தைப் பாருங்கள் என்றேன். இங்கே பணம் கைமாறவில்லை. பையில் நோட்டு வைத்திருந்தவருக்கு வாங்கக் கடை இல்லை. செல்போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துபோனவருக்கு எண்ணிக் கொடுக்கவும் ஒன்றுமில்லை. கைநீட்டிச் சாப்பாடு வாங்கிப் பழக்கமே இல்லாத ஒருவர் முதல் தடவை வாழை இலைத்துண்டோடு வரிசையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை நீங்கள் உண்டாக்கலாம், அவருக்குப் பேச்சும் கொடுக்கலாம். உண்மையில் அங்கே நின்றவர்கள் வாயில் அவர்கள் சொல்லாததைப் போட்டுவிடக் கூடாது. ஊர்ப் பெயரை மாற்றிவிடுவது நல்லது; தண்ணீரின் அளவையும் தேதியையும் மாற்றாதீர்கள்.

குறிப்பு எடுக்க நோட்டா, போனா?
— வாசகர், தென்காசி

எது கைக்கு அருகில் இருக்கிறதோ அது. ஆள் எதிரில் இருக்கும்போது மட்டும் எழுத வேண்டாம், போனில் படமும் எடுக்க வேண்டாம். பார்த்துப் பேசுங்கள், வீட்டுக்கு வந்து எழுதுங்கள். தலைப்பில் தேதியைப் போடுங்கள். அன்றைக்குத் தக்காளி கிலோ என்ன விலை, டீ என்ன விலை, ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். ஏழெட்டு வருடம் கழித்து அந்தக் குறிப்பை எடுத்துக் கதையாக்கும்போது, உங்கள் ஆள் டீக்கடையில் எவ்வளவு கொடுத்தார் என்று நினைவிலிருந்து எழுதினால் தப்பாகத்தான் வரும்.